இன்று காலை எடுத்த அருவி

தென்காசியில் வீடு இருப்பவர்களுக்கு ஆனி பிறந்ததும் ஒரு கூடுதல் உத்தியோகம் வந்துவிடும். பத்திரிகை வைத்தும் கல்யாணத்துக்கு வராத சொந்தமெல்லாம் சென்னையிலிருந்தும் மதுரையிலிருந்தும் போன் செய்து, நலம்கூட விசாரிக்காமல் ஒரே கேள்வியைக் கேட்கும். "தண்ணி விழுதா?" நாங்களும் மொட்டை மாடிக்குப் போய் மேற்கே பார்ப்போம். மலை தெரிந்தால் "சுமாரா விழுது". மேகம் மூடி மலையே தெரியாவிட்டால் "நல்லா விழுது". அருவியை நேரில் பார்த்துவிட்டுச் சொல்கிறவர்கள் எங்கள் ஊரில் குறைவு. (அதற்கு ஐந்தாறு கிலோமீட்டர் போக வேண்டுமே.)

நான் செய்த குற்றம் இந்த ஊர் வழக்கத்தைக் கொஞ்சம் பெரிய அளவில் செய்ததுதான். இதை ஆறேழு வருடமாகச் சொல்லிக்கொண்டிருக்கிறேன். வீட்டில் யாரும் ஒப்புக்கொள்வதில்லை.

அப்போது 'கண்ணில் பட்டது' என்றொரு ஃபேஸ்புக் குழுவில் இருந்தேன். அரசியல் கூடாது, காலை வணக்கம் கூடாது, அவரவர் கண்ணில் பட்ட சின்ன ஆச்சரியங்களை மட்டும் போட வேண்டும் என்பது விதி. கோயம்புத்தூரில் ஒரு பெண் பைக் சீட்டில் தூங்கும் பூனைகளை மட்டும் படம் எடுத்துப் போடுவார். ஈரோட்டில் ஒருவர் முன்னாலிருந்து படித்தாலும் பின்னாலிருந்து படித்தாலும் ஒரே எண் வரும் பஸ் டிக்கெட்டுகளைச் சேர்ப்பார். தூத்துக்குடியில் ஒரு ரிட்டயர்டு சர்வேயருக்குக் கடைப் பெயர்ப்பலகைகள்தான் உயிர். ஒரு பலகைக்குப் புதிதாகப் பெயிண்ட் அடித்தால் பழைய படத்தையும் புதிய படத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் போடுவார். இவர்கள் பேச்சை வீட்டில் யாரும் காது கொடுத்துக் கேட்பதில்லை என்பது சொல்லாமலே தெரியும். நான் ஒரு பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர். என் பேச்சையும் யாரும் கேட்பதில்லை. அதனால் சேர்ந்தேன்.

என் பங்குக்கு நான் அருவியை எடுத்துக்கொண்டேன். சீசன் தொடங்கிய முதல் வாரம் நிஜமாகவே தினமும் விடிந்ததும் ஸ்கூட்டியில் போய், மெயின் அருவிக்கு எதிரே உள்ள டீக்கடை வாசலில் நின்று வீடியோ எடுத்துப் போட்டேன். "இன்று காலை 6.40. சாரல் உண்டு. குளிக்கலாம்." நாலே நாளில் எனக்குக் 'குற்றாலம் அக்கா' என்று பெயர் வந்துவிட்டது. என் வரியைப் பார்த்துவிட்டு ஆபீசுக்கு லீவு சொல்கிறவர்கள் இருந்தார்கள். ஸ்டாஃப் ரூமில் என் நடையே மாறிவிட்டதாகப் பிறகு சொன்னார்கள்.

இரண்டாம் வாரத் தொடக்கத்தில் இரண்டு நாள் மழை பிடித்துக்கொண்டது. பத்தாம் வகுப்புக்குக் காலை ஸ்பெஷல் கிளாஸ் வேறு. ஏழு மணி ஆனதும் குழுவில் "அக்காவை இன்னும் காணோமே" என்று கேட்கத் தொடங்கிவிட்டார்கள். போனில் போன வருடம் எடுத்த வீடியோக்கள் கிடந்தன. எல்லாம் அதே டீக்கடை வாசலிலிருந்து எடுத்தவை. தண்ணீரில் எந்த வருடம் என்று எழுதியா இருக்கிறது? மாடிக்குப் போய் மலையைப் பார்த்து, அன்றைக்கு எவ்வளவு தண்ணீர் விழும் என்று ஒரு கணக்குப் போட்டு, அதற்குப் பொருத்தமான பழைய வீடியோவை எடுத்துப் போட்டேன். ஏமாற்றுவதாக எனக்குத் தோன்றவே இல்லை. அதே அருவி, அதே பாறை. மாதிரிப் படம் என்று மனதுக்குள் சொல்லிக்கொண்டேன். அதை எழுதத்தான் இல்லை.

அந்த வருடம் வைகாசியில்தான் என் கொழுந்தன் சங்கருக்குக் கல்யாணம் ஆகியிருந்தது. பெண் வாசுதேவநல்லூர், பெயர் கோமதி. கோமதி எனக்குத் தங்கச்சி முறை என்பதால் அவள் அப்பா எனக்குச் சித்தப்பா. வயலும் காய்கறித் தோட்டமும் வைத்திருந்தார். கல்யாணம் முழுக்க மொத்தமாக மூன்று வாக்கியம்தான் பேசினார். அவரையும் உற்சாகத்தில் குழுவில் சேர்த்துவிட்டேன். மூக்கு முளைத்த ஒரு கத்திரிக்காயை அவர் படம் எடுத்துப் போட, அது அந்த மாதத்தில் யாருக்கும் கிடைக்காத வரவேற்பைப் பெற்றது. அதிலிருந்து குழுவை மிகவும் மரியாதையாகப் பார்க்க ஆரம்பித்துவிட்டார். தினமும் என் அருவி அறிக்கையை வீட்டாருக்கு வாசித்துக் காட்டிவிட்டுத்தான் வயலுக்குப் போவாராம்.

ஆடி பிறந்தது. கோமதியைத் தாய்வீட்டுக்கு அழைத்துப் போனார்கள். முதல் ஞாயிற்றுக்கிழமை மாப்பிள்ளைக்குத் தலை ஆடி விருந்து. முப்பது பேருக்குச் சமையல், புது வேட்டி சட்டை எல்லாம் தயார். சனிக்கிழமை சாயங்காலம் சங்கர் காய்ச்சலில் படுத்துவிட்டான். நூற்றிரண்டு. என் வீட்டுக்காரர் போன் செய்து சொன்னார். சித்தப்பா பெருந்தன்மையாக, "உடம்பப் பாத்துக்கிடச் சொல்லுங்க, விருந்து எங்க போவுது" என்றார்.

ஞாயிறு காலை அடுப்பில் சங்கருக்குக் கஞ்சி கொதித்துக்கொண்டிருந்தது. மலை சுத்தமாகத் தெரியவில்லை. போன வருட வீடியோக்களில் தண்ணீர் கொட்டோ கொட்டென்று கொட்டுகிற ஒன்றைத் தேர்ந்தெடுத்து, "இன்று காலை 6.40. அருமையான தண்ணீர். தாராளமாகக் குளிக்கலாம்" என்று போட்டுவிட்டுக் கஞ்சியைக் கிண்டப் போனேன். எனக்கு எப்போதும் தண்ணீர்தான் கண்ணில் படும். கீழே நின்று குளிக்கிறவர்களை நான் கவனிப்பதில்லை. (ஆண்கள் பகுதி. ஒரு டீச்சர் உற்றுப் பார்க்கிற இடம் இல்லை.)

ஒன்பதரைக்குக் கோமதி போன் செய்தாள். குரல் கம்மியிருந்தது.

"அக்கா, அவியளுக்கு இப்ப எப்படி இருக்கு?"

"கஞ்சி குடிச்சிட்டுப் படுத்திருக்கான்மா."

"அப்பா உங்க வீடியோவப் பாத்தாவ."

"நல்லா இருக்குன்னு சொன்னாவளா?"

"அவிய அதுல குளிச்சிட்டு நிக்காவக்கா."

வீடியோவைத் திறந்து பார்த்தேன். பதினாலாவது நொடியில், இடமிருந்து மூன்றாவது ஆளாக, இரும்புக் குழாயைப் பிடித்துக்கொண்டு, உடம்பெல்லாம் எண்ணெய் மினுங்க, கோடு போட்ட டிரவுசரில், வாயைத் திறந்தபடி பரம சுகத்தில் நின்றுகொண்டிருந்தான் சங்கர். போன வருடம் குடும்பத்தோடு போனபோது எடுத்தது அது. அவனுக்கு அப்போது பெண் பார்க்கவே ஆரம்பிக்கவில்லை.

விருந்துக்கென்று முந்தின நாளே வந்து தங்கிவிட்ட முப்பது பேரும் கைமாற்றிக் கைமாற்றிப் பார்த்திருக்கிறார்கள். கோமதியின் அத்தை படத்தைப் பெரிதாக்கி மாப்பிள்ளையின் விரல்களைச் சோதித்திருக்கிறார். "நாம போட்ட மோதிரத்தக் கழத்தி வச்சிட்டுல்லா குளிக்கான்." போதாக்குறைக்கு டிவியில் செய்தி. குற்றாலத்தில் வெள்ளம், விடியற்காலையிலிருந்து குளிக்கத் தடை. சாதாரணமாக ஒரு வீட்டில் இதைக் கேட்டால் வீடியோவில்தான் ஏதோ கோளாறு என்று நினைப்பார்கள். சித்தப்பா அப்படி நினைக்கவில்லை. "டிவிக்காரன் சென்னைல இருந்து சொல்லுதான். நம்ம பிள்ள நேர்ல நின்னுல்லா எடுத்திருக்கு" என்று சொல்லிவிட்டார். ஆக, பொய்க் காய்ச்சல், மோதிரம் என்ற இரண்டு குற்றங்களோடு போலீஸ் தடையை மீறிக் குளித்தது மூன்றாவதாகச் சேர்ந்துகொண்டது. என் வாழ்க்கையில் யாரும் என்னை அந்த அளவுக்கு நம்பியதில்லை.

"ஆடி முடிஞ்சு என்னய அங்கன அனுப்புறதப் பத்தி அப்புறம் பேசிக்கிடலாம்னுட்டாவ" என்று சொல்லிவிட்டுக் கோமதி அழ ஆரம்பித்தாள்.

என் வீட்டுக்காரர் அமைதியாகச் சொன்னார். "போன வருசத்து வீடியோன்னு ஒரு வரி எழுதிப் போடு. முடிஞ்சு போச்சு."

ஒரே ஒரு வரிதான். குழுவைத் திறந்தேன். நூற்றுக்கணக்கில் இதயம் விழுந்திருந்தது. "அக்கா சொல்லிட்டாங்க, மதுரையிலிருந்து கிளம்புகிறோம்" என்று ஒருவர் எழுதியிருந்தார். குற்றாலம் அக்கா என்ற பெயரை ஒரு வரியில் இழக்க எனக்கு மனம் வரவில்லை. நாற்பது வயதில், கணக்கில் முதுகலைப் பட்டம் வாங்கிய நான், என்ன செய்தேன் என்றால், குழுவிலிருந்து வீடியோவை அழித்துவிட்டேன்.

கட்டிலிலிருந்து சங்கர் கேட்டான். "மைனி, அழிச்சிட்டியளா?"

"ஆமா."

"அப்ப நான் குளிச்சது உறுதியாயிருச்சு" என்று சொல்லிவிட்டுப் போர்வையை இழுத்து மூடிக்கொண்டான்.

பத்தே நிமிடத்தில் சித்தப்பா என் வீட்டுக்காரரைக் கூப்பிட்டார். "பரவால்ல மாப்பிள, தம்பியக் காப்பாத்த நினைக்கது நல்ல குணந்தான்" என்று ஒரே வாக்கியம் சொல்லிவிட்டுப் போனை வைத்துவிட்டார். இனி நேரில் போவதைத் தவிர வேறு வழியில்லை.

காரில் கிளம்பினோம். பின் சீட்டில் கம்பளி, குரங்குக் குல்லாய், சட்டைப் பையில் தெர்மாமீட்டர் சகிதம் சங்கர். முதலில் காய்ச்சலைக் காட்டுவது, அது எடுபடாவிட்டால்தான் என் போனில் இருக்கும் அசல் வீடியோவின் தேதி என்பது நான் போட்ட திட்டம். கொழுந்தனுக்குக் காய்ச்சல் குறைந்துவிடக் கூடாது என்று வழியெல்லாம் வேண்டிக்கொண்டு வந்த ஒரே மைனி நானாகத்தான் இருப்பேன். கடையநல்லூர் தாண்டும்போது அவனுக்கு வியர்த்தது. குல்லாயைக் கழற்றினான். புளியங்குடியில் பசிக்கிறது என்றான். காலையில் கொடுத்த மாத்திரை, எங்களுக்குத் தேவையில்லாத நேரத்தில் வேலை செய்துவிட்டது.

வாசுதேவநல்லூர் வீட்டில் முப்பது பேரும் அப்படியே இருந்தார்கள். சித்தப்பா தினசரி காலண்டருக்குக் கீழே நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். "வாங்க" என்றார். எவ்வளவு கோபத்திலும் அந்த ஒரு வார்த்தையை விடாத மனிதர். அத்தை தெர்மாமீட்டரை வாங்கி, சங்கருக்கு வைத்து, வெளிச்சத்தில் பிடித்து உரக்க வாசித்தார். "தொண்ணூத்தெட்டு புள்ளி நாலு."

"அருவில குளிச்சா சூடு தணியும்லா" என்று உள்ளேயிருந்து யாரோ சொன்னார்கள்.

சமையலறை வாசலில் கோமதி நின்றிருந்தாள். அழுதழுது கண் வீங்கியிருந்தது. கல்யாணம் ஆகி இரண்டு மாதம்தான் ஆகியிருந்த பெண். அவள் முகத்தைப் பார்த்ததும் எனக்கு என் மேலேயே வெறுப்பு வந்தது. போனைத் திறந்து அந்த வீடியோவின் தேதியைக் காட்டி சித்தப்பாவிடம் நீட்டினேன்.

"சித்தப்பா, இது இன்னைக்கு எடுத்தது இல்ல. போன வருசம் எடுத்தது. கல்யாணத்துக்கு முந்தி. அதான் கையில மோதிரம் இல்ல."

அவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு தேதியைப் படித்தார். பிறகு அத்தையிடம் கொடுத்தார். அத்தை அதையும் உரக்க வாசித்தார்.

"அப்ப இன்னைக்கு நீ அருவிக்குப் போகல" என்றார் சித்தப்பா.

"இல்ல சித்தப்பா."

"நேத்து?"

"இல்ல."

"முந்தாநாளு?"

"முதல் வாரம் பூரா போனேன் சித்தப்பா."

"மத்த நாளு தண்ணி விழுதுன்னு எப்படிம்மா தெரியும்?"

"மாடில நின்னு மலையப் பாப்பேன்."

சித்தப்பா மூலையில் உட்கார்ந்திருந்த ராயகிரி மைத்துனர் பக்கம் திரும்பினார். "ஏலே, போன வாரம் நீ வேன் புடிச்சுக் குற்றாலம் போயிட்டு, தண்ணி நூலா வருதுன்னு வந்து சொன்னல்லா?"

"ஆமா அத்தான்."

"நான் உன்ன ஏசினேன்லா?"

"ஏசினிய. அந்தப் பிள்ள பொய் சொல்லாது, நீ வேற எங்கயோ போயிட்டு வந்திருக்கன்னு சொன்னிய."

சித்தப்பா என்னைப் பார்த்தார். பதினைந்து வருடமாக வீட்டுப் பாடம் எழுதாத பிள்ளைகளை நான் பார்த்துவந்த பார்வை அது. வாங்குகிற பக்கத்தில் இருந்தால் எப்படி இருக்கும் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது.

பிறகு அவர் சங்கரிடம், "மாப்பிள, சாப்பிட வாங்க" என்றார். அவ்வளவுதான். கோமதி ஓடிப்போய் இலை போட்டாள். முந்தின நாள் நூற்றிரண்டு டிகிரியில் கிடந்தவன் மூன்று முறை சோறு வாங்கினான். மோதிரம் எல்லோர் கண்ணிலும் படும்படி கையை நீட்டி நீட்டிச் சாப்பிட்டான்.

நாங்கள் கிளம்பும்போது சித்தப்பா எழுந்து, காலண்டரில் அன்றைய தாளைக் கிழித்து என் கையில் கொடுத்தார். "இனிமே எந்தப் படம் எடுத்தாலும் இத வச்சு எடும்மா." யாரும் சிரிக்கவில்லை. அவரும் சிரிக்கவில்லை.

திரும்பும் வழியில் காரிலேயே குழுவில் எல்லாவற்றையும் எழுதினேன். திட்டினார்கள். மதுரைக்காரர் டிவியைப் பார்த்துவிட்டுப் பஸ் ஸ்டாண்டிலிருந்தே வீட்டுக்குத் திரும்பியிருந்தார். அவர் திட்டியது நியாயம். கடைசியில் தூத்துக்குடி சர்வேயர் எழுதினார். "அம்மா, உங்கள் வீடியோ மூலையில் தெரியும் அந்த டீக்கடைப் பலகைக்கு இந்த வருடம் பச்சை பெயிண்ட் அடித்துவிட்டார்கள். உங்கள் முதல் வார வீடியோக்களில் பச்சை. அப்புறம் வந்தவற்றில் பழைய நீலம். பத்து நாளாகவே எனக்குத் தெரியும். உற்சாகமாகப் போடுகிறீர்களே என்று சொல்லவில்லை." திட்டு எதுவும் என்னைத் தொடவில்லை. இதைப் படித்துவிட்டு வீடு வந்து சேரும்வரை ஜன்னல் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஆவணியில் கோமதி வந்துவிட்டாள். அடுத்த வருடம் தென்காசி ஆஸ்பத்திரியில் அவளுக்குப் பெண் குழந்தை பிறந்தது. சித்தப்பாவுக்கு அன்று வயலில் நடவு, சாயங்காலம்தான் வர முடியும். குழந்தையைத் துணியில் சுற்றிக் கொண்டுவந்ததும் முதல் ஆளாக நான் படம் எடுத்து அவருக்கு அனுப்பினேன். உடனே கூப்பிட்டார். எடை என்ன, யார் ஜாடை என்று எதுவும் கேட்கவில்லை.

"தாளு எங்கம்மா?"

ஆஸ்பத்திரி வரவேற்பறையில் கெஞ்சி அன்றைய தாளை வாங்கி வந்து, குழந்தையின் கன்னத்துக்குப் பக்கத்தில் பிடித்து மறுபடியும் எடுத்து அனுப்பினேன். அதற்குப் பிறகுதான் அவருக்குப் பேத்தி பிறந்தாள்.

அந்தப் பேத்தி இப்போது எங்கள் பள்ளிக்கூடத்திலேயே யூகேஜி படிக்கிறாள். மொட்டை அடித்தது, காது குத்தியது, முதல் பல் விழுந்தது என்று நான் எடுத்த எல்லாப் படங்களிலும் அவள் கையில் ஒரு தாள் இருக்கும். போன மாதம் வகுப்பு குரூப் போட்டோ எடுத்தார்கள். எல்லாக் குழந்தைகளும் சிரிக்க, இவள் மட்டும் முன் வரிசையில் கையை நீட்டிக்கொண்டு தாள் கேட்டிருக்கிறாள். எதற்கு என்று அவளுடைய டீச்சர் கேட்டதற்கு, "தாளு இல்லன்னா பெரியம்மா பொய் சொல்லுதாவன்னு தாத்தா சொல்லுவாவ" என்றாளாம். மத்தியானம் ஸ்டாஃப் ரூமில் அந்த டீச்சர் அதை எல்லோருக்கும் சொல்லிவிட்டு, இது என்ன விஷயம் என்று என்னிடம் கேட்டார்.

எங்கள் குடும்பத்தில் அப்படி ஒரு வழக்கம் உண்டு என்று சொல்லிவிட்டு டிபன் பாக்சைத் திறந்தேன்.