தராசு பார்த்த சைக்கிள்

சைக்கிளைப் பற்றி எல்லாம் தெரிந்த மனிதர் இந்த உலகத்தில் ஒரே ஒருவர்தான் இருந்தார். அவரிடம் சைக்கிள் கிடையாது.

எண்பதுகளின் நடுவில் அம்பத்தூர் இண்டஸ்ட்ரியல் எஸ்டேட்டுக்குள் நுழையும் இடத்தில் ஒரு லாரி எடைமேடை இருந்தது. அங்கே உட்கார்ந்து எடை எழுதி ரசீது கிழித்துக் கொடுப்பவரை எஸ்டேட் முழுக்கத் 'தராசு' என்றுதான் கூப்பிடும். அவருடைய சொந்தப் பெயர் என்ன என்று நான் கேட்டதே இல்லை. நான் கேட்காமலும் செய்யாமலும் விட்டவற்றில் அது மிகச் சிறியது.

பகல் முழுவதும் லாரிகளை எடை போட்ட பழக்கத்தில், மற்றதையெல்லாம் அவர் கையாலேயே எடை போட்டுவிடுவார். டீக்கடையில் பன் வாங்கினால் உள்ளங்கையில் வைத்து இரண்டு தடவை தூக்கிப் பார்ப்பார். "நேத்து பன்னு இத்தவிடக் கனமா இருந்துச்சு நைனா" என்பார். கடைக்காரர் மறுபேச்சு இல்லாமல் வேறு பன் எடுத்துத் தருவார். யாருக்காவது குழந்தை பிறந்தால் அவர் கையில் கொடுத்து வாங்குவார்கள். "ரெண்டே முக்கா. சோக்கா கீது" என்பார். ஆஸ்பத்திரியில் எழுதிக் கொடுத்ததும் அதேதான் என்று தகப்பன்மார்கள் சத்தியம் செய்வார்கள்.

எஸ்டேட்டில் யார் சைக்கிள் வாங்கப் போனாலும் தராசைக் கூட்டிக்கொண்டு போவது வழக்கம். பெண் பார்க்கக்கூட அவ்வளவு யோசித்துத் துணைக்கு ஆள் தேடமாட்டார்கள்.

நான் அப்போது எஸ்டேட்டில் ஒரு பெயிண்ட் கம்பெனியின் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்த்தேன். எம்.எஸ்சி. படித்தவன். யாரும் கேட்காவிட்டாலும் அதைச் சொல்லிவிடுவேன். ஆவடியில் வாடகை அறை. எனக்கு ஒரு ரேஸ் சைக்கிள் வேண்டும் என்று ஆசை. கைப்பிடி கடாக் கொம்புபோல் கீழே வளைந்திருக்குமே, டயர் விரல் தடிமன்தான் இருக்குமே, அந்த மாதிரி. உடம்புக்கு நல்லது என்று வெளியே சொல்லிக்கொண்டேன். உண்மையில் ஆவடி ஸ்டேஷன் வாசலில் நாலு பேர் திரும்பிப் பார்க்க வேண்டும், அவ்வளவுதான்.

தராசிடம் போனேன்.

"எவ்ளோ வெச்சிகினு கீறே சார்?"

"அறுநூறு."

அவர் என்னை மேலிருந்து கீழே ஒரு தடவை பார்த்தார். "அறுபத்தி ரெண்டு" என்றார்.

"ரூபாயா அண்ணே?"

"கிலோ. உன்னச் சொன்னேன்."

பிறகு எனக்கு ஒரு பிரசங்கம் நடந்தது. "தபாரு சார், சைக்கிள்னா மூணுதான். ஃப்ரேமு, சக்கரம், செயின் மாட்டற பல்லு. கைல துட்டு கம்மியா கீதா, இந்த மூணுக்கு மட்டும் குடு. சீட்டு, டயரு, பிரேக்குக் கட்டை எல்லாம் அப்பால ஒண்ணொண்ணா மாத்திக்கலாம். வளைஞ்ச ஃப்ரேமை எவனாலயும் மாத்த முடியாது. பெல்லுக்கும் ஸ்டிக்கருக்கும் துட்டு கேக்கறவன் சைக்கிள் விக்கல, கல்யாண ஊர்வலம் விக்கறான். முக்கியமா ஒண்ணு, பெயிண்டுக்கு மட்டும் துட்டு குடுத்துடாத. அதுல ஒண்ணுமே இல்ல."

நான் பெயிண்ட் கம்பெனி ஆள் என்பது அவருக்கு நன்றாகத் தெரியும்.

நாலு ஞாயிற்றுக்கிழமை அலைந்தோம். புதிய ரேஸ் சைக்கிள் என் அறுநூறுக்கு எட்டாது, ஆகவே பழையதாகத் தேடினோம். கடைக்குள் போனதும் தராசு விலை கேட்கமாட்டார். சைக்கிளின் நடுக்கம்பியில் இரண்டு விரலைக் கொடுத்துத் தூக்குவார். சக்கரத்தைச் சுற்றிவிட்டு டாக்டர் மாதிரி காதை வைத்துக் கேட்பார். கம்பிகளை ஒவ்வொன்றாகச் சுண்டுவார். ஒரே ஒரு கம்பி சுருதி விலகினாலும் கடைக்காரரைத் துக்கம் விசாரிக்க வந்தவர்போல் பார்ப்பார்.

அதெல்லாம் சரியாக இருந்தால், என்னை ஏற்றி ஓட்டச் சொல்லிவிட்டுப் பின்னாலேயே ஓடி வருவார். "கைய வுடு சார்! ரெண்டு கையையும் வுடு!" கையை விட்டால் சைக்கிள் எந்தப் பக்கம் இழுக்கிறதோ அந்தப் பக்கம் ஃப்ரேம் வளைந்திருக்கிறது என்று அர்த்தம். வில்லிவாக்கத்தில் விட்டேன். அது இடது பக்கம் இழுத்தது. இடது பக்கத்தில் கரும்புச்சாறு வண்டி இருந்தது. நான் சக்கைக் கூடைக்குள்ளிருந்து எழுந்து வந்தபோது தராசு முகமெல்லாம் சிரிப்பு. "பாத்தியா, பாத்தியா, நான் சொல்லல? வளைஞ்ச ஃப்ரேமு!"

கடைசிச் சோதனை காயலான் கடையில் நடக்கும். எடைமேடைக்கு நூறு கிலோவுக்குக் கீழே கண் தெரியாது என்பதால், சைக்கிளைப் பக்கத்திலிருக்கும் பழைய இரும்புக் கடைக்குத் தள்ளிக்கொண்டு போய்த் தராசில் தொங்கவிடுவார். சைக்கிள் கடைக்காரர்கள் கொதித்துப்போவார்கள். "யோவ், நீ வண்டி வாங்க வந்தியா, இல்ல உருக்க வந்தியா?" காயலான் கடைக்காரர் பழக்க தோஷத்தில், "பதினெட்டுக் கிலோ. முப்பது ரூபா தரேன்" என்று ஆரம்பிப்பார். எழுநூறு ரூபாய் விலை சொன்னவர் அதைக் கேட்டதும் அறுநூற்றைம்பதுக்கு இறங்குவார். இதற்காகத்தான் தராசு அங்கே போகிறாரோ என்று எனக்கு ஒரு சந்தேகம் இருந்தது.

நாலு வாரத்திலும் ஒன்றும் அமையவில்லை. ஐந்தாவது ஞாயிறு பஸ்ஸில் பூந்தமல்லிக்குக் கூட்டிப்போனார். இறங்கியதும் சொன்னார்: "இது உனக்கு இல்ல சார். எனக்கு. எட்டு வருசமாத் தேடிகினு கீறேன். ரெண்டு சக்கரமும் ஒரே கோட்ல போவுதான்னு பின்னாலேர்ந்து பாத்தாத்தான் தெரியும். ஓட்டறவனுக்குத் தெரியாது. அதுக்கோசரம் நீ ஒரு தபா ஓட்டிக் காமி."

அது ஒரு மெத்தைக்கடை பாயின் வீடு. அவர் மகன் முதல் சம்பளத்தில் வாங்கிய சைக்கிள். ஒரு வருஷம் ஓட்டிவிட்டுப் பையன் சவுதி போய்விட்டான். முற்றத்துச் சுவரில் ஆணியில் மாட்டி, மேலே மெத்தை உறை போட்டு மூடியிருந்தார்கள். பாய் உறையை எடுத்தார். தராசு இரண்டு விரலைக் கொடுத்தார். சைக்கிள் காகிதம்போல் மேலே வந்தது.

"பன்னெண்டரை" என்றார்.

நான் ஏறி ஓட்டினேன். பெடலை ஒரு தடவை மிதித்தால் தெருவே பின்னால் நகர்ந்தது. கையை விட்டேன். எந்தப் பக்கமும் இழுக்கவில்லை. தெருமுனையில் திரும்ப வேண்டியவன் பஸ் ஸ்டாண்டு வரை போய்த்தான் திரும்பினேன். வாசலில் தராசு தரையில் குந்தி, ஒரு கண்ணை மூடி, நான் வரும் கோட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். "நூல் புடிச்ச மாதிரி கீது சார்" என்றார்.

விலை எழுநூற்றைம்பது. தராசிடம் கொஞ்சம் குறைந்தது. தீபாவளிக்குப் போனஸ் வரும், மூன்று வாரம் பொறுங்கள் என்றார். "உங்களுக்கில்லாமயா? தீபாவளி வரைக்கும் வேற யாருக்கும் கொடுக்கமாட்டேன்" என்றார் பாய்.

இனி நான் செய்ததைச் சொல்கிறேன். எங்கள் கம்பெனியில் போனஸ் அந்த வருஷம் முன்னதாகவே கொடுத்துவிட்டார்கள். கையில் பணம் வந்த மறுநாளே லீவு போட்டுவிட்டுப் பூந்தமல்லிக்குப் பஸ் ஏறினேன்.

பாய் கேட்டார்: "தராசு வரலியா தம்பி?"

"அவர்தான் அனுப்பினார்" என்றேன்.

எம்.எஸ்சி. படித்தவன் வாயிலிருந்து வந்தது இரண்டே சொல். பாய் முகம் மலர்ந்து, "தராசு அனுப்பின ஆளா? அப்ப எழுநூறு போதும்" என்று ஐம்பது ரூபாயைத் திருப்பித் தந்தார். அதையும் வாங்கிக்கொண்டேன்.

எடைமேடை வழியாகப் போக முகம் இல்லை. பின்பக்கமாகச் சுற்றி, எருமைக் கொட்டில்களுக்கு நடுவே ஒரு சந்து உண்டு. மூன்று கிலோமீட்டர் அதிகம். ஐந்து நாய்கள். தினமும் காலையில் அந்த ஐந்தும் எனக்காகக் காத்திருக்கும். அம்பத்தூரில் ரேஸ் சைக்கிளை உண்மையிலேயே ரேஸ் வேகத்தில் ஓட்டியவன் நான் ஒருவனாகத்தான் இருப்பேன்.

தீபாவளி கழிந்து இரண்டு வாரம் இருக்கும். ஆறாவதாக ஒரு நாய் எதிர்ப்பக்கமிருந்து வந்தது. கிடைத்த திருப்பத்தில் திரும்பினேன். அது நேரே எடைமேடையில் கொண்டுபோய் விட்டது. தராசு ரசீதுப் புத்தகத்தோடு வாசலில் நின்றுகொண்டிருந்தார்.

அவர் என்னைப் பார்க்கவில்லை. சைக்கிளைப் பார்த்தார். பார்க்கப் பார்க்க முகம் சிவந்தது. நான் எல்லா வசவுக்கும் தயாரானேன்.

"இன்னா சார் இது?"

"சை... சைக்கிள்ணே."

"அது தெரியுது. பின்னால இன்னா?"

"கேரியர். மண்ணெண்ணெய் டின் வைக்கறதுக்கு."

"ஸ்டாண்டு வேற. டைனமோ. மட்கார்டு. இது இன்னா, பூக்கூடையா? ரேஸ் குதிர மேல எவனாச்சும் மூட்ட கட்டுவானா? நீயெல்லாம் படிச்சவனா சார்?"

ஸ்பேனரோடு உட்கார்ந்துவிட்டார். பின்னால் இரண்டு லாரிகள் ஹாரன் அடித்தன. "இருய்யா, இங்க ஒரு உயிர் போய்கினு கீது!" என்று கத்தினார். கேரியர், ஸ்டாண்டு, டைனமோ, மட்கார்டு, கூடை எல்லாவற்றையும் கழற்றி ஒரு சாக்கில் கட்டி என் முதுகில் ஏற்றினார்.

"அண்ணே, மொத்த எடை அதேதானே?" என்றேன்.

"அது உன் எடை. சைக்கிள் எடை இல்ல. போ."

அவ்வளவுதான். வேறு ஒரு வார்த்தை கேட்கவில்லை. அவர் பூந்தமல்லிக்குப் போகவே இல்லை போலிருக்கிறது, மறந்துவிட்டார் என்று நான் முடிவு செய்துகொண்டேன். எட்டு வருஷம் தேடியவர் மறந்துவிட்டாராம். வசதியாக இருந்தால் மனிதன் எதையும் நம்புவான்.

தை மாதம் எனக்குக் கல்யாணம் நிச்சயமானது. மெத்தை வாங்க, வேறு கடை தெரியாமல், அதே பாயிடம் போனேன். பஞ்சை அடித்துக்கொண்டே அவர் சொன்னார்: "தீபாவளிக்கு மறுநாள் தராசு வந்தார் தம்பி. புதுச் சட்டை, கையில பணம். நீங்க அனுப்பின பையன்கிட்ட கொடுத்துட்டேனேன்னு சொன்னேன். கொஞ்ச நேரம் அந்த ஆணியையே பார்த்துக்கிட்டிருந்தார். அப்புறம், 'ஆமா பாய், நான்தான் அனுப்பினேன். மறந்துட்டேன்'னார். டீ குடிக்கச் சொன்னேன். குடிக்கல."

மெத்தை எவ்வளவு என்று கேட்காமலே வெளியே வந்துவிட்டேன்.

மறுநாள் காலை எடைமேடைக்கு சைக்கிளைத் தள்ளிக்கொண்டு போனேன். அதில் ஏறிப் போகத் தோன்றவில்லை.

"அண்ணே, நீங்க அனுப்பினதா பாய்கிட்ட பொய் சொன்னேன்."

"தெரியுமே."

"அப்ப ஏன் ஆமான்னு சொன்னீங்க?"

"இல்லன்னா அவரு உன்ன திருடன்னு நெனச்சுக்குவாரு. அது பரவால்ல." நடுக்கம்பியைத் துடைத்தார். "இத்தையும் திருட்டு சைக்கிள்னு நெனப்பாரு. இதுக்கு அந்தப் பேரு வாணாம் சார்."

சைக்கிளை அவர் கையில் கொடுத்தேன். "டூட்டில கீறேன்" என்றார். நான் பார்த்துக்கொள்கிறேன் என்றேன். "உனக்கு எடை போடத் தெரியுமா?" என்று கேட்டபடியே ஏறிவிட்டார். அவருக்கு சைக்கிள் ஓட்டவே தெரியாது என்று எஸ்டேட்டில் பாதிப்பேர் நம்பிக்கொண்டிருந்தார்கள். சீட்டில் உட்காராமல் நின்று மிதித்தபடி, முதுகை வளைத்துக் கொம்பைப் பிடித்தவர், பூந்தமல்லிச் சாலைப் பக்கம் திரும்பியதுதான் எனக்குத் தெரியும். நாலு மணி நேரம் கழித்துத்தான் வந்தார். செம்பரம்பாக்கம் ஏரிக்கரை வரை போயிருக்கிறார். அதற்குள் நான் பதினோரு லாரிகளை எடை போட்டிருந்தேன். என் கணக்குப்படி ஒரு லாரி, இரும்பு ஏற்றிய பிறகு இருநூறு கிலோ குறைந்திருந்தது. தராசு எல்லா டிரைவர்களையும் திரும்பக் கூப்பிட வேண்டியிருந்தது. அவர்களிடம் திட்டு வாங்கும்போதும் சிரித்துக்கொண்டே இருந்தார்.

நீங்களே வைத்துக்கொள்ளுங்கள் என்று சொன்னேன். கேட்கவில்லை. கடைசியில் அவரே ஓர் ஏற்பாடு சொன்னார்: ஞாயிறு அவருக்கு, மற்ற நாள் எனக்கு. சனிக்கிழமை சாயங்காலம் எடைமேடையில் விட்டுவிட்டு ரயிலில் போவேன். திங்கள் காலை வந்து எடுத்துக்கொள்வேன். ஐந்து வருஷம் இப்படியே ஓடியது. அப்புறம் நான் ஸ்கூட்டர் வாங்கினேன், சைக்கிளை அவரிடமே விட்டுவிட்டேன். அதைத் தியாகம் என்று யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். எனக்கு அது தேவைப்படவில்லை. தொண்ணூறுகளில் எடைமேடை வேலையை விட்டு அவர் ஐயப்பன்தாங்கல் பக்கம் குடிபோனார் என்று கேள்விப்பட்டேன். போய்ப் பார்க்கவில்லை.

ஒன்று மட்டும் பாக்கி. தராசு என்னைவிட அரையடி குள்ளம். என் உயரத்துக்கு வைத்த சீட்டில் உட்கார்ந்தால் அவருக்குக் கால் எட்டாது. அப்படியானால் ஞாயிறுதோறும் சீட்டை இறக்கி ஓட்டிவிட்டு, மறுபடியும் ஏற்றி வைத்திருக்கிறார். திங்கட்கிழமை நான் ஏறி உட்கார்ந்தால் ஒரு நூலிழைகூடப் பிசகியிருக்காது. பிசகாததால் எனக்கு அது தெரியவே இல்லை. பல வருஷம் கழித்து, என் பெண்ணுக்காக ஒரு சைக்கிள் சீட்டை இறக்கிக்கொண்டிருந்தபோதுதான் திடீரென்று உறைத்தது. ஸ்பேனரைக் கீழே வைத்துவிட்டுத் தரையிலேயே உட்கார்ந்துவிட்டேன்.

அரை நிமிஷ வேலை. அந்த ஐந்து வருஷத்தில் ஒரே ஒரு சனிக்கிழமையாவது, அவருக்காக நான் அதை இறக்கி வைத்துவிட்டுப் போயிருக்கலாம்.