அடுத்தவர் கழுத்தில் வீரம்

பெங்களூரில் ஒரு வீரப் பிராணி உண்டு: சோபா பந்தய வீரர். காட்டில் தேட வேண்டாம். ஞாயிற்றுக்கிழமை கார் பந்தயம் ஓடும் டிவிக்கு எதிரே, மடியில் காராபூந்தித் தட்டோடு உட்கார்ந்திருக்கும். எழும்போது முட்டியைப் பிடித்துக்கொள்ளும்.

தொம்மலூர் கிளெமென்ட் இந்த இனத்தில் அசல் ரகம். முதல் சுற்றில் பந்தயக் கார்களுக்குப் பின்னாலேயே டாக்டரை ஏற்றிக்கொண்டு ஒரு கார் ஓடுமே, அதைக் கண்டாலே அவருக்கு ஆகாது. கழுத்து முறியாமலிருக்க மாட்டும் பட்டை, சில நொடிகளில் வண்டியை விட்டு வெளியே வந்து காட்டினால்தான் ஓட்டலாம் என்கிற பரீட்சை, மோதி எழுந்தவன் "நல்லாருக்கேன்" என்று சத்தியம் செய்தாலும் நம்பாமல் கண்ணில் டார்ச் அடிப்பது, எல்லாமே டாக்டர்கள் கூடிச் செய்த சதி.

"ரேஸை ஆஸ்பத்திரி வார்டா ஆக்கிட்டானுங்க, மச்சா! உயிருக்குப் பயந்தவன் பஸ்ல போகட்டும்."

யாருடைய உயிர்? அதை அவர் சொன்னதில்லை. நாமும் கேட்டதில்லை, காராபூந்தி அவருடையது.

அப்பேர்ப்பட்டவர் போன மாதம் ஆனேக்கல் பக்கம் ஒரு மண்தடப் பந்தயத்துக்குப் போனார். மகள் ஜோவிதாவுக்கு அன்று முதல் ஓட்டம். ஒவ்வொரு வண்டியாகத்தான் விடுவார்கள். மூன்றாவதாகப் போனவன் டயர் அடுக்கில் மோதி, கையைப் பிடித்துக்கொண்டு இறங்கினான். பந்தய டாக்டர் ஸ்ரீரஞ்சனி அவனை அங்கிருந்த ஒரே ஆம்புலன்ஸில் ஏற்றி அனுப்பிவிட்டார். மாற்று ஆம்புலன்ஸ் சந்தாபுரம் நெரிசலில் நின்றது. அது வரும்வரை ஒரு வண்டியும் கிளம்பக் கூடாது என்றார். சொன்னதோடு விட்டாரா? புறப்படும் கோட்டின் நடுவே பிளாஸ்டிக் நாற்காலியைப் போட்டு, குடையை விரித்து, உட்கார்ந்தும்விட்டார்.

வேலிக்கு இந்தப் பக்கம் கிளெமென்ட்டுக்கு வந்ததே ஆவேசம்! "கைவலிக்கு ஆம்புலன்ஸா? சும்னே டைம் வேஸ்ட்! அந்த நாற்காலியைத் தூக்குங்கப்பா!" கூட்டமும் சேர்ந்து கத்தியது. பந்தயத்தை நடத்தும் கோவிந்தன் கொடியும் கையுமாக வந்து குழைந்தார்.

"மேடம், ஒரே ரவுண்டு. கண்ண மூடித் திறக்கறதுக்குள்ள முடிஞ்சிடும்."

"அதுதாங்க என் பயமே," என்றார் டாக்டர்.

நான்காவது வண்டி மக்கர் பண்ண, அதற்குப் பின்னால் நின்ற சிவப்பு வண்டி கோட்டுக்கு வந்தது. ஹெல்மெட்டுக்குள் ஜோவிதா.

கிளெமென்ட்டின் கத்தல் பாதியில் நின்றது. தடத்தின் முதல் வளைவு அப்போதுதான் அவர் கண்ணில் பட்டது. அதை ஒட்டி ஒரு புளியமரம் வேறு. முட்டியை மறந்து வேலியைத் தாண்டி ஓடினார். நாற்காலியைத் தூக்கத்தான் ஓடுகிறார் என்று கூட்டம் கைதட்டியது. தூக்கினார், ஓரத்தில் கிடந்த இன்னொரு நாற்காலியை. டாக்டருக்குப் பக்கத்தில் போட்டு உட்கார்ந்தார்.

"ஆம்புலன்ஸ் வரட்டும்."

"டாடி, மானத்த வாங்காத! எந்திரி!"

"நீ சும்மா இரு. டாக்டர், ஒண்ணு போதுமா? ரெண்டா வரச் சொல்லிடலாமா?"

"டாக்டருங்கதான் ரேஸைக் கெடுத்தாங்கன்னு நீதானே சொன்ன?"

"அது டிவில ஓட்டறவங்களுக்கும்மா."

நாற்பது நிமிடம் வெயில். டாக்டர் குடையில் பாதியைக் கொடுத்தார். ஆம்புலன்ஸ் வந்தது. ஜோவிதா ஓட்டினாள், முழுசாக வந்து இறங்கினாள், ஹெல்மெட்டைக்கூடக் கழற்றாமல் அப்பாவைத் தாண்டிப் போனாள். கிளெமென்ட் கண்ணைத் துடைத்துக்கொண்டு வேலிக்குத் திரும்பினார்.

அடுத்து ஷ்ரேயாஸ் என்று ஒருவன், யார் பெற்ற பிள்ளையோ. டாக்டர் குனிந்து அவன் பெல்ட்டை இழுத்துப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"இன்னும் என்ன டாக்டர் நோண்டறீங்க? விடுங்க!"

யார் குரல் என்று சொல்ல வேண்டுமா?

நீங்கள் சிரிக்காதீர்கள். மோதி உருளும் கார் திரையில் வந்தால், விரலால் பின்னுக்கு இழுத்து இன்னொரு தரம் பார்ப்பவர் யார்? உள்ளே இருந்தவன் எழுந்தானா என்று தெரிவதற்குள் அடுத்த காட்சிக்குத் தாவுகிறவர்?

சரி, சரி. அந்தக் காராபூந்தியைக் கொஞ்சம் இப்படி நகர்த்துங்கள்.