தொப்பூர் தாண்டாத பஸ்

தொப்பூர் கணவாயின் இரண்டாவது வளைவில் பஸ் இறங்கிக்கொண்டிருந்தபோது ரோடு, மலை, முன்னால் போன லாரி எல்லாம் ஒரே நொடியில் மறைந்து திரை நீலமாகிவிட்டது. நடுவே வழக்கம்போல் அந்த அழுமூஞ்சிப் பொம்மை. வீரமணி ஸ்டியரிங்கிலிருந்து கையை எடுத்தார்.

"நின்னுக்கிச்சா?" என்றாள் மனைவி நிர்மலா. பக்கத்தில் பிளாஸ்டிக் சேர் போட்டு, மடியில் முறத்தோடு அவரைக்காய் உரித்துக்கொண்டிருந்தாள்.

"அதே எடம்."

"சரி, வாங்க. டீ போட்டு வெச்சிருக்கறன்."

வீரமணி முப்பத்தோரு வருஷம் கிருஷ்ணகிரி - சேலம் ரூட்டில் பஸ் ஓட்டியவர். வீடும் அதே ரூட்டில்தான், காரிமங்கலத்தில் ரோட்டோரமாக. ஒரு கீறல் விழுந்ததில்லை. ஓய்வு பெற்ற நாளில் மட்டும் ஒரு குறை. காலையிலேயே மாலை போட்டு டிப்போவில் உட்கார வைத்துவிட்டார்கள். கடைசி ட்ரிப்பை வேறு ஆள் ஓட்டிக்கொண்டு போனார். அந்த ஒரு ட்ரிப் நெஞ்சில் முள்ளாய் நின்றது.

அதற்கு மருந்தாகத்தான் இந்தக் கம்ப்யூட்டர். யாரோ ஒரு புண்ணியவான் பஸ் ஓட்டும் விளையாட்டில் கிருஷ்ணகிரி - சேலம் ரோட்டை டீக்கடை முதற்கொண்டு அச்சு அசலாகப் போட்டிருந்தான். வீரமணி போனில் வீடியோ பார்த்துப் பார்த்து, பாகம் பாகமாக வாங்கி, பதினோரு நாளில் தானே ஒரு கம்ப்யூட்டரைச் சேர்த்துப் பூட்டினார். ஸ்டியரிங், பெடல் எல்லாம் வந்தன. கீபோர்டுக்கு வேலையில்லை என்று ஓரமாகத் தள்ளிவைத்தார். தினமும் மூன்று மணிக்குக் கிருஷ்ணகிரியில் எடுத்தால் நான்கு மணிக்குத் தொப்பூர். அங்கே நீலத் திரை. சேலம் பஸ் ஸ்டாண்டை அவர் இன்னும் கண்ணால் பார்க்கவில்லை.

பாகங்களை விற்ற தருமபுரிக் கடைக்காரர் சோஹைலுக்குப் போன் போட்டார்.

"போட்டோ எடுத்து அனுப்புங்கண்ணா" என்றார் சோஹைல்.

அனுப்பிய போட்டோவில் ஃப்ளாஷ் வெளிச்சமும், பனியனோடு நிற்கும் வீரமணியின் நிழலும்தான் இருந்தன.

"கீழ பொடி எழுத்துல ஏதோ போட்டிருக்குமேங்க. படிச்சுச் சொல்லுங்க."

"எழுத்துன்னா பஸ்ஸு போர்டு சைசுல இருக்கோணும் தம்பி. அதெல்லாம் நமக்கு ஆவாது."

முப்பத்தோரு வருஷம் கண்ணாடி போடாமல் ஓட்டியவர். இனிமேலும் போடுவதாக இல்லை.

சோஹைல் குத்துமதிப்பாக ஒரு வைத்தியம் சொன்னார். ராம் என்கிற மெமரி அட்டையைக் கழற்றி, ரப்பரால் அழித்து மாட்ட வேண்டும். வீரமணி அழித்த வேகத்தில் ரப்பர் பாதியானது. மாட்டிய பிறகு கம்ப்யூட்டர் பீப் பீப் என்று கத்தியதே தவிர எழுந்திருக்கவில்லை. தலைகீழாக வைத்து அமுக்கியதில் ராம் சரியாக உட்காரவில்லை என்று கண்டுபிடிக்க இரண்டு நாள் ஆனது. மூன்றாம் நாள், தொப்பூர், நீலம்.

"சூடாவுதோ என்னமோ" என்று பெட்டியின் பக்க மூடியைக் கழற்றிவிட்டு டேபிள் ஃபேனைத் திருப்பி வைத்தார். காரிமங்கலத்துச் செம்மண் புழுதி மொத்தமும் உள்ளே குடியேறியது. "கண்ணு பட்டிருக்கும்" என்று பெட்டிக்கு முன்னால் எலுமிச்சம்பழம் நசுக்கினார். மறுநாள் எறும்புகள் வரிசை கட்டி உள்ளே போயின. எறும்பைத் துரத்த மூன்று பெரிய ஃபேன் வாங்கிப் பெட்டிக்குள்ளேயே பொருத்தினார். அந்தச் சத்தம் கேட்டு மூன்றாவது வீட்டுக் கண்ணம்மாள் ஒரு குண்டான் கேழ்வரகோடு வந்து நின்றாள்.

"மில்லு போட்டிருக்கீங்களாமே. இத நைசா அரைச்சுக் குடுங்க."

நிர்மலாதான் சமாதானம் சொல்லி அனுப்பினாள். ஒரு நாளும் அவள் அலுத்துக்கொள்ளவில்லை. பஸ் நின்றதும் டீயோடு உட்கார்ந்துகொள்வாள். வீரமணியும் எரிச்சலில் ஆரம்பித்து, எங்கெங்கோ போய்விடுவார்.

"இதே வளைவுலதான், சந்தையில ஏத்துன ஆடு ஒன்னு ஒரு பொம்பளயோட கல்யாணப் பத்திரிக்கைய பூராத்தயும் தின்னுபுடுச்சு. எறங்கற வரைக்கும் அந்தம்மா ஆட்டுக்காரன வுடல. கடைசியில அவனயே கல்யாணத்துக்குக் கூப்பிட்டுட்டுப் போச்சு."

"இத நீங்க சொன்னதே இல்லியே."

"சொல்றதுக்கு எங்க நேரம் இருந்துச்சு?"

பேசி முடிக்கும்போது ஐந்தரை ஆகியிருக்கும். அவரைக்காயில் பாதியை அவரே உரித்திருப்பார். எழும்போது மனசு நிறைந்திருக்கும். பஸ் நின்ற கோபம் எங்கே போனதென்று தெரியாது.

பழைய கண்டக்டர் சவுரியப்பன் வந்து பார்த்துவிட்டு ஒரு காரணம் கண்டுபிடித்தார்.

"ஓவர் லோடு வீரமணி. எழுவத்திரண்டு பேர ஏத்திக்கிட்டு மலை எறங்குனா மெசினு என்ன பண்ணும்? ஆள எறக்கு."

தருமபுரியில் முக்கால்வாசிப் பயணிகளை இறக்கிவிட்டார்கள். பொம்மைப் பயணிகள் புகார் எழுதினார்கள். வீரமணியின் மார்க் குறைந்தது. முப்பத்தோரு வருஷத்தில் வாங்காத புகார். அதை வாங்கியும் தொப்பூரில் நீலம்தான்.

"விண்டோஸ அழிச்சுட்டுப் புதுசா போட்டுப் பாக்கலாங்க" என்றார் போனில் சோஹைல்.

"ஓட்டுன கிலோமீட்டரெல்லாம் அழிஞ்சு போயிருமில்ல? வேண்டாம். நீ நேர்ல வா தம்பி."

ஞாயிற்றுக்கிழமை சோஹைல் வந்தார். எறும்பைத் தட்டி, புழுதியை ஊதி, மூன்று ஃபேனில் இரண்டைக் கழற்றி, ஒவ்வொரு பாகமாகச் சோதித்தார். எல்லாம் நன்றாகவே இருந்தது.

"ஓட்டுங்கண்ணா. பக்கத்துலயே உக்காந்து பாக்கறன்."

மூன்று மணிக்குக் கிருஷ்ணகிரியில் பஸ் எடுத்தது. பின்னால் நாற்காலியில் விசிலோடு சவுரியப்பன். கீபோர்டு பக்கமாய் முறத்தோடு நிர்மலா. காரிமங்கலம் தாண்டியது. தருமபுரி தாண்டியது. தொப்பூர் வந்தது. வீரமணி கியரைக் குறைத்து முதல் வளைவில் திரும்பினார். இரண்டாவது வளைவு.

நீலம்.

சோஹைல் தன் போனில் திரையைப் படமெடுத்து, பொடி எழுத்தைப் பெரிதாக்கிப் படித்தார். நம்பாமல் மறுபடியும் படித்தார்.

"அண்ணா, மெசின்ல ஒரு கொறையும் இல்லீங்க."

"அப்பறம் எதுக்கு நிக்குது?"

"யாரோ கையால நிறுத்தியிருக்காங்கன்னு போட்டிருக்குதுங்க. கீபோர்டுல ரெண்டு பட்டன அமுக்குனா இப்பிடி நிக்கற மாதிரி, வெவரம் தெரிஞ்சவங்க யாரோ செட் பண்ணி வெச்சிருக்காங்க."

வீரமணி சவுரியப்பனைத் திரும்பிப் பார்த்தார். சவுரியப்பன் விசிலை வாயிலிருந்து எடுத்துவிட்டு, சத்தியமாக நானில்லை என்று தலையாட்டினார். பெங்களூரில் கம்ப்யூட்டர் கம்பெனியில் வேலை பார்க்கும் மகள் கவிப்பிரியா போன மாசம், கம்ப்யூட்டர் பூட்டி முடித்த கையோடு, லீவுக்கு வந்து போனது வீரமணிக்கு அப்போதுதான் ஞாபகம் வந்தது. மெதுவாக மனைவி பக்கம் திரும்பினார்.

நிர்மலா முறத்தைக் கீழே வைத்துவிட்டு, அடுப்படிக்குப் போக எழுந்தாள்.

"முப்பத்தோரு வருசம் நம்ம வூட்டு முன்னாலயே பஸ்ஸ ஓட்டிக்கிட்டுப் போனீங்க, ஒரு நாளாச்சும் டீ குடிக்க நின்னீங்களா? அதான், இப்ப நானே கையக் காட்டி நிறுத்திக்கறன்."