மேசைமேல் இருந்த புது டிஸ்க்

மூடியைப் பொருத்தி முடித்த பிறகும் ஒரு திருகாணி மிச்சமிருந்தது.

டெல்ஃபின் அதை உள்ளங்கையில் வைத்து உருட்டிப் பார்த்தார். லேப்டாப்பைக் கவிழ்த்து எல்லா ஓட்டைகளையும் விரலால் தடவினார். ஒவ்வொன்றிலும் ஒரு திருகாணி ஒழுங்காக உட்கார்ந்திருந்தது. அப்படியானால் இது எங்கிருந்து வந்தது? இடமில்லாத திருகாணி தேவையில்லாத திருகாணிதான் என்று முடிவு செய்து சட்டைப் பையில் போட்டுக்கொண்டார்.

கப்பல் எஞ்சின் அறையில் பாதி ஆயுளைக் கழித்தவர் அவர். வீட்டளவு எஞ்சினை நடுக்கடலில் பிரித்துப் போட்டு மறுபடி கோத்தவர். மடியில் வைத்துத் தட்டும் ஒரு பெட்டி அவருக்கு எம்மாத்திரம்?

அவர் கடலில் இருந்த காலமெல்லாம் மனைவி மெர்லிண்டா குயிம்பால் ஊரில் தனியாக உட்கார்ந்து ரேடியோ நாடகம் எழுதினாள். அவள் எழுதியதைக் கேட்டு இலோயிலோ மாகாணம் முழுக்க அழுதது, சிரித்தது. டெல்ஃபினுக்குத்தான் ஒரு பாகத்தைக்கூடக் கேட்க வாய்க்கவில்லை. ஓய்வு பெற்று வீட்டோடு வந்த பிறகு, அவள் எழுத்துக்குத் தன் கையால் ஏதாவது ஒரு உதவி செய்துவிட வேண்டும் என்று மனதுக்குள் ஒரு அரிப்பு.

அந்த வாய்ப்பு இன்று காலையில்தான் வந்தது. தங்கை வீட்டில் ஒரு ராத்திரி தங்கிவிட்டு அவர் உள்ளே நுழையவும், மெர்லிண்டா கைப்பையோடு வெளியே ஓடவும் சரியாக இருந்தது.

"டெல், டிஸ்க்கு மேசை மேல பெட்டியில இருக்கு. அதைத் தொட்டுத் தொலைக்காத! ரேடியோ ஸ்டேஷன்லேருந்து ஆள் வரும்."

"ஆளு எதுக்கு? நான் இருக்கேன்ல?"

வாசலில் டிரைசைக்கிள்காரன் ஹாரனை அழுத்தினான். அவள் சொன்ன பதில் அதில் கரைந்துபோனது.

அந்த லேப்டாப் கிழம். மெர்லிண்டா அதைத் திறந்து வைத்துவிட்டு, செடிக்குத் தண்ணீர் ஊற்றி, கோழிகளுக்குத் தீனி போட்டுவிட்டு வந்தாலும் அது இன்னும் கண் விழித்து முடித்திருக்காது. "டிஸ்க்கு சாகப்போகுது, புதுசு வாங்கியாச்சு" என்று போன வாரமே சொல்லியிருந்தாள். பெட்டியைத் திறந்தால் டிஸ்க் இருந்தது. அவள் திரும்பி வருவதற்குள் மாட்டி வைத்து அசத்திவிட வேண்டியதுதான்.

மாட்டினார். இப்போது பொத்தானை அழுத்தினார்.

உள்ளேயிருந்து "கர்ர்... டக்" என்று ஒரு சத்தம். மறுபடி, "கர்ர்... டக்." திரை கறுப்பாகி, டிஸ்க் எதுவும் இல்லை என்று வெள்ளை எழுத்தில் ஒரு வரி வந்து நின்றது.

"இல்லையா? இப்பத்தானே மாட்டினேன்?" என்று திரையிடமே கேட்டார் டெல்ஃபின்.

பக்கத்து வீட்டு போன்சோவைக் கூப்பிட்டார். போன்சோ கல்யாணத்துக்கும் பிறந்தநாளுக்கும் பாட்டுப் பெட்டி வாடகைக்கு விடுகிறவர். பாட்டுப் பெட்டிக்குள்ளும் டிஸ்க் உண்டு என்பதால், டிஸ்க் விஷயத்தில் தெருவுக்கே அவர்தான் அத்தாரிட்டி. மேசையில் இருந்த பாண்டசால் ரொட்டி ஒன்றைக் காப்பியில் முக்கிக்கொண்டே நோயாளியைப் பார்த்தார்.

"பழசு எங்க?"

டெல்ஃபின் கழற்றி வைத்திருந்ததை நீட்டினார். போன்சோ லேப்டாப்பைத் திறந்து புதியதையும் வெளியே எடுத்து, கைக்கு ஒன்றாக வைத்து எடை பார்த்தார்.

"புதுசு நல்ல கனம். பழசு காத்து மாதிரி இருக்கே."

"அதான் எனக்கும் புரியல. ரெண்டும் ஒரே கனமாத்தானே இருக்கணும்?"

"எப்படிய்யா இருக்கும்? இத்தனை வருஷம் சுத்தி இருக்கு. சோப்புக்கட்டி தேயல? அதே மாதிரி இதுவும் உள்ள தேஞ்சு போயிருக்கு."

டெல்ஃபினுக்கு இது கொஞ்சம் இடித்தது. எஞ்சினில் பிஸ்டன் தேயும், வளையம் தேயும். பாதி எடை காணாமல் போகும் அளவுக்குத் தேய்ந்து அவர் பார்த்ததில்லை. ஆனால் போன்சோ சொன்ன தோரணையில் சந்தேகத்துக்கு இடமே இல்லை.

"அப்ப அந்தக் கர்ர் சத்தம்?"

"புது வண்டி. ஓட ஓடச் சரியாகும்."

"மேல ஒட்டியிருக்கிற தாள்கூட மங்கலா இருக்கே?"

"இப்பல்லாம் அச்சடிக்கிறதுலயும் மிச்சம் பிடிக்கிறானுங்க."

டிஸ்க் சரியாகப் பதியவில்லை என்பது போன்சோவின் தீர்ப்பு. சிகரெட் அட்டையை மடித்து அதற்கு அடியில் வைத்தார். முதலில் மூடி மூடவில்லை. அழுத்தி மூடினார்கள். எங்கோ "டிக்" என்று ஒன்று முறிந்தது. பொத்தானை அழுத்தினால் அதே கர்ர், அதே டக், அதே வெள்ளை வரி. கூடுதலாக, இப்போது விசைப்பலகையில் எதைத் தட்டினாலும் எதுவும் நடக்கவில்லை.

"இது முன்னாடியே இப்படித்தான் இருந்துச்சா?" என்று கேட்டார் போன்சோ.

"இல்ல."

"நல்லா யோசிச்சுப் பாரு."

"போன்சோ, உன் கை பட்டப்புறம்தான்யா இப்படி!"

"ஆமா, அதுக்கு முன்னாடி குதிரை மாதிரி ஓடிக்கிட்டிருந்துச்சு."

அந்த நேரம் பார்த்து எதிர்வீட்டு இசிங் அக்கா வேலிக்கு மேலே தலையை நீட்டினாள்.

"மனோங் டெல்ஃபின், ஒரே ஒரு வார்த்தை. இன்னிக்குக் கான்சுவேலோ கண்ணு முழிப்பாளா மாட்டாளா?"

கான்சுவேலோ மெர்லிண்டாவின் நாடகத்துக் கதாநாயகி. ஆஸ்பத்திரியில் நினைவில்லாமல் கிடக்கிறாள். இன்று சாயங்காலம் கடைசிப் பாகம். முடிவு வெளியே கசிந்துவிடக் கூடாது என்று மெர்லிண்டா நடிகர்களுக்குக்கூட இன்னும் வசனத்தைக் காட்டவில்லை. கட்டிய புருஷனுக்கும் சொல்லவில்லை. எல்லாம் லேப்டாப்புக்குள்.

"எனக்குத் தெரியாது இசிங்."

"பொய் சொல்லாதீங்க. முகமெல்லாம் வேர்த்திருக்கு. செத்துப்போறாளா? ஐயோ, அவ செத்தா நான் ரேடியோவைத் தூக்கிக் கெணத்துல போட்டுருவேன்!" என்று சொல்லி, அங்கேயே மூக்கைச் சிந்த ஆரம்பித்தாள்.

டெல்ஃபின் ஜன்னலைச் சாத்தினார். சிகரெட் அட்டையையும் டிஸ்க்கையும் வெளியே எடுத்தார்.

"தப்பு நம்ம மேல இல்ல" என்றார் போன்சோ. "சரக்கே போலி. உன் பொண்டாட்டியை ஏமாத்திட்டானுங்க. பெட்டியில கடை நம்பர் இருக்கு பாரு, கூப்பிடு."

கடை நகரத்தில். எடுத்தது ஒரு பெண்; குரலில் தேன்.

"புது டிஸ்க்கு கர்ர்ருங்குதா சார்? எங்க புது டிஸ்க்குல சத்தமே வராதே!"

"அதைத்தான் நானும் கேக்கறேன்! எதுக்கு வருது?"

"அப்படின்னா பெரிய கோளாறுதான் சார். யார்கிட்டயாவது கொடுத்து அனுப்புங்க, உடனே வேற தந்துடறோம். பழுதானதைச் சுத்தியலால ஒரு போடு போட்டுப் படம் எடுத்துக் கம்பெனிக்கு அனுப்பணும், அது எங்க வேலை. நீங்க கவலைப்படாதீங்க."

தேவாலயத்துப் பக்கத்திலிருந்து நகரத்துக்கு ஜீப்னி கிளம்பும் நேரம். டெல்ஃபின் டிஸ்க்கைப் பெட்டிக்குள் வைத்து, நாடாவால் சுற்றி, செருப்பு மாட்டாமலே ஓடினார். ஓட்டுநர் தெரிந்தவன்.

"தம்பி, இதைக் கடையில கொடுத்துட்டு, அவங்க தர்ற புதுசை வாங்கிட்டு வந்துடு. ரொம்ப அவசரம்."

"உங்க வேலைன்னா முதல் வேலை மனோங். மனாங் மெர்லிண்டாகிட்ட மட்டும் கேட்டுச் சொல்லுங்க, கான்சுவேலோ பொழைப்பாளா?"

"பொழைப்பா, பொழைப்பா. நீ வண்டியை எடு."

ஜீப்னி புகையைக் கக்கிக்கொண்டு போனது. திரும்பி நடக்கும்போது டெல்ஃபினுக்கு இன்றைக்கு முதல் தடவையாக மனசு லேசாக இருந்தது. ஏமாற்றுக்காரக் கடையை மடக்கியாயிற்று. புதியது வரும்வரை பழையதை இருந்த இடத்தில் வைத்துவிட்டால், ஆள் வந்து பார்த்தாலும் எதுவும் தெரியாது.

வைத்தார்கள். இந்தத் தடவை மூடி இழைந்து மூடியது. பையில் கிடந்த திருகாணிக்கும் உள்ளே டிஸ்க்கின் ஓரத்தில் ஒரு ஓட்டை அகப்பட்டிருந்தது. போன்சோ தன் வீட்டிலிருந்து வேறொரு விசைப்பலகையைக் கொண்டுவந்து வயரைச் செருகினார். பொத்தானை அழுத்தினார்கள்.

டெல்ஃபின் காப்பிக் கோப்பையை எடுக்கக் கையை நீட்டினார். கை கோப்பையைத் தொடுவதற்குள் லேப்டாப் திறந்துகொண்டது. கர்ர் இல்லை, டக் இல்லை.

இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"சாகப்போற டிஸ்க்குன்னு சொன்னே?"

"அவதான் சொன்னா."

"தூசி தட்டினோம்ல, அதான். என் கைராசியும் சேர்ந்துக்கிச்சு."

டெல்ஃபின் சிரித்தார். பிறகு திரையைப் பார்த்தார். சிரிப்பு பாதியில் நின்றது.

எப்போதும் அங்கே மகனின் கல்யாணப் படம் இருக்கும். அதன்மேல் மூச்சுவிட இடமில்லாமல் மெர்லிண்டாவின் கோப்புகள் அடைந்து கிடக்கும். இப்போது படம் இல்லை. கோப்பு இல்லை. வெறும் நீலம். நடுக்கடலில் காற்றே இல்லாத நாளில் தெரியுமே, அந்த மாதிரி நீலம்.

"போன்சோ, இவ எழுதினதெல்லாம் எங்க?"

போன்சோ அங்கே தட்டினார், இங்கே தட்டினார். ஒவ்வொரு கோப்புறையாகத் திறந்து பார்த்தார். எல்லாம் காலி. மூன்றாவது ரொட்டியைப் பாதியில் கீழே வைத்துவிட்டார்.

"மூடியைத் திறந்து வச்சோம்ல..." என்று இழுத்தார். "காத்துப் பட்டுருச்சோ என்னமோ."

"காத்துப் பட்டா எழுத்து பறக்குமாய்யா?"

"எனக்கென்னப்பா தெரியும்? நான் பாட்டுப் பெட்டிக்காரன்!"

டெல்ஃபின் நாற்காலியில் சாய்ந்தார். கான்சுவேலோ ஒருத்தி மட்டுமல்ல. அவர் கடலில் இருந்த அத்தனை வருஷத்துச் சாயங்காலங்களும் இந்தப் பெட்டிக்குள்தான் இருந்தன. மகனுக்குக் காய்ச்சல் வந்த ராத்திரி எழுதியது, புயலில் கூரை போன வாரம் எழுதியது, அவர் கப்பலிலிருந்து கடிதம் போடாத மாதங்களில் எழுதியது. ஒருநாள் எல்லாவற்றையும் உட்கார்ந்து படித்துக் காட்டச் சொல்ல வேண்டும் என்று நினைத்திருந்தார். நினைத்ததோடு சரி.

மெர்லிண்டாவைக் கூப்பிட்டார். ஒலிப்பதிவு அறையில் இருக்கிறாள் போல, போன் அணைந்திருந்தது. அது ஒரு விதத்தில் நிம்மதியாகக்கூட இருந்தது. எடுத்தால் என்ன சொல்வது?

"பூனை குதிச்சுடுச்சுன்னு சொல்லு" என்றார் போன்சோ.

"எங்க வீட்ல பூனை ஏது?"

"ஒண்ணு பிடிச்சுட்டு வரேன்."

"வேண்டாம்யா. நான்தான் செஞ்சேன்னு சொல்லிடறேன்." டெல்ஃபின் எழுந்து சட்டையைச் சரி செய்துகொண்டார். "கப்பல்ல தப்பு நடந்தா கேப்டன் முன்னாடி போய் நிக்கணும். அதுதான் முறை."

வாசலில் ஒரு மோட்டார் சைக்கிள் வந்து நின்றது. ரேடியோ நிலையத்துச் சட்டை போட்ட ஒரு ஆள் ஹெல்மெட்டைக் கழற்றிக்கொண்டே உள்ளே வந்தான். பெயர் ஜெரோமே, நிலையத்து ஒலிப்பதிவுக் கருவிகளைப் பார்த்துக்கொள்கிறவன். சாவு வீட்டில் உட்கார்ந்திருப்பதுபோல் இருந்த இரண்டு பேரையும், நீலத் திரையையும் மாறி மாறிப் பார்த்தான்.

"என்ன மனோங், ரெண்டு பேரும் இப்படி உக்காந்திருக்கீங்க?"

"தம்பி, எல்லாம் போச்சு" என்றார் டெல்ஃபின். "பழைய டிஸ்க்கைக் கழட்டி மாட்டினேன். அவ எழுதின ஒரு எழுத்துகூட மிச்சமில்ல. பாரு, எல்லாம் காலி."

ஜெரோமே குனிந்து திரையைப் பார்த்தான். பிறகு வாய்விட்டுச் சிரித்தான்.

"அட, இது புதுசு மனோங்! நீங்க ஊர்ல இல்லாதப்ப நேத்தே நான் மாட்டிட்டேன், காலியாத்தானே இருக்கும்? மனாங் எழுதினதெல்லாம் பெட்டியில போட்டு வச்சிருக்கிற பழைய டிஸ்க்குல பத்திரமா இருக்கு. அதை ஸ்டேஷனுக்கு எடுத்துட்டுப் போய் எழுத்தையெல்லாம் வெளியே எடுக்கத்தான் வந்தேன். எங்க அந்தப் பெட்டி?"