கடலுக்கு நாலிலிருந்து ஆறு வரை

குடும்பத்தோடு ஊர் சுற்றப் போகிறவர்களில் ‘அட்டவணைக்காரர்’ என்று ஓர் இனம் உண்டு. உங்களுக்குத் தெரியாதவர் அல்ல. விடியற்காலையில் வாசலில் கார் நிற்கும். எல்லோரும் ஏறி உட்கார்ந்து கதவையும் சாத்தியிருப்பார்கள். ஒருவர் மட்டும் வெளியே நின்றுகொண்டு, கையிலிருக்கும் தாளையும் மணிக்கட்டிலிருக்கும் கடிகாரத்தையும் மாறி மாறிப் பார்த்து, “இப்பவே நாலு நிமிஷம் போச்சு” என்பார். அவரேதான். ஊரைப் பார்ப்பதற்காகப் பயணம் போகிறோம் என்று நீங்கள் வெகுளியாக நினைத்துக்கொண்டிருப்பீர்கள். அவரைக் கேட்டால் தெரியும்: தாளில் எழுதியதையெல்லாம் முடித்துவிட்டு, எழுதிய நேரத்துக்கு வீடு திரும்புவதற்குப் பெயர்தான் பயணம்.

நம்முடைய ஆள் ஒரு பஸ் பணிமனையில் நேரக் காப்பாளர். எந்த வண்டி எத்தனை மணிக்குக் கிளம்பியது, எத்தனை மணிக்கு வந்து சேர்ந்தது என்று கண்ணாடிக் கூண்டுக்குள் உட்கார்ந்து குறித்துவைப்பது அவர் வேலை. இருபத்திரண்டு வருடத்தில் ஒரு நாள்கூட அவர் தாமதமாக வந்ததில்லை என்பதால் டிரைவர்கள் அவருக்கு ‘ரைட் டைம்’ என்று பெயர் வைத்திருந்தார்கள். அவர்கள் என்னவோ கேலிக்குத்தான் வைத்தார்கள். இவர் அதைப் பட்டமாக வாங்கி வைத்துக்கொண்டார்.

அவர் மனைவி கடலைப் பார்த்ததே இல்லை. நம்பமாட்டீர்கள், ஆனால் மலைப்பக்கத்து ஊரில் பிறந்து, நடுப்பகுதி ஊரில் வாழ்க்கைப்பட்டு, பதினெட்டு வருடமாகச் சமையலறை ஜன்னல் வழியாக எதிர்வீட்டுத் தண்ணீர்த் தொட்டியைப் பார்த்துக்கொண்டிருக்கிறவருக்குக் கடல் எங்கிருந்து வரும்? “கால் நனைக்கணும், அவ்வளவுதான்” என்று கல்யாணமான புதிதில் ஒருமுறை சொன்னார். மூன்று தடவை கிளம்பினார்கள். மூன்று தடவையும் ஏதோ ஒன்று குறுக்கே வந்து, கடல் மட்டும் விட்டுப்போயிற்று. இந்த முறை பயணமே கடலுக்காகத்தான் என்று ரைட் டைம் சத்தியம் செய்யாத குறை. அவருக்கும் உள்ளூர ஓர் ஆசை இருந்தது. யாரிடமும் சொல்லவில்லை. மனைவி முதன்முதலாகக் கடலைப் பார்க்கும்போது அந்த முகத்தைப் பக்கத்தில் நின்று பார்க்கவேண்டும். பாவம், கல்நெஞ்சக்காரர் என்று மட்டும் அவரை நினைத்துவிடாதீர்கள்.

ஆனால் அந்தக் கடலைத் தாளில் எங்கே எழுதினார்? கடைசியில். வழியில் ஒரு பழங்கால நகரம் இடிந்து கிடக்கிறது. அவ்வளவு தூரம் போய் அதைப் பார்க்காமல் வருவதா? பத்தரையிலிருந்து மூன்று வரை இடிபாடுகள், ஒரு மணி நேரம் பிரயாணம், நாலிலிருந்து ஆறு வரை கடல். ஆறு அடித்தால் கிளம்பவேண்டும். மறுநாள் காலை ஐந்துக்கு அவருக்கு வேலை. இரண்டு முழு மணி நேரம் கடலுக்கு ஒதுக்கியிருக்கிறேன், பார்த்தாயா என்று மனைவியிடம் நாலு தடவை தாளைக் காட்டினார். இந்த இனத்தின் அட்டவணைகளில் ஒரு சூட்சுமம் இருக்கிறது, கவனியுங்கள். தாமதம் எங்கே நடந்தாலும் சரி, அது கழிக்கப்படுவது கடைசி வரியிலிருந்துதான். கடைசி வரியில் இருப்பதோ எப்போதும் இன்னொருவருடைய ஆசை.

மனைவியின் தம்பிதான் காரை ஓட்டினான். பெட்ரோல் போடும் இடத்தில் வரிசை நீளம். இருபது நிமிடம் போயிற்று. ரைட் டைம் சட்டைப் பையிலிருந்து பேனாவை எடுத்து, ‘கடல் 4.00’ என்பதை அடித்து ‘4.20’ ஆக்கினார். இடிபாடுகளின் வாசலில் இறங்கியதுமே பதிமூன்று வயது மகளின் செருப்பு வார் அறுந்தது. தைக்கிற ஆளைத் தேடிப் பிடித்ததில் கால் மணி நேரம். ‘4.35.’ மனைவி பின்னால் நின்று தாளை எட்டிப் பார்த்துக்கொண்டார், அவ்வளவுதான்.

இடிபாடுகளுக்குள் அட்டவணைக்காரரைப் பார்ப்பது ஒரு தனிக் காட்சி. பதினான்கு இடங்களில் எண் போட்டுப் பலகை நட்டிருந்தார்கள். தானியக் கிடங்கு, குளியல் தொட்டி, கூரையில்லாத கொலுமண்டபம், யாரோ ஒரு ராணி உட்கார்ந்து எழுந்த மேடை. ஒவ்வொரு பலகையின் முன்னாலும் ரைட் டைம் கால்களை அகட்டி நின்று, தொண்டையைச் செருமி, முதல் வரியிலிருந்து கடைசி வரி வரை உரக்க வாசிப்பார். ‘சுவர்கள் மீது ஏறாதீர், மீறினால் தண்டிக்கப்படுவீர்’ என்பதைக்கூட விடமாட்டார். அவர் வாசிக்கும்போது யாரும் குறுக்கே பேசக்கூடாது. வாசித்து முடித்ததும் கல்லைப் பார்ப்பாரா என்றால், அதுதான் இல்லை. திரும்பிக் குடும்பத்தைப் பார்ப்பார். “ஒண்ணு, ரெண்டு, மூணு, நாலு” என்று தலைகளை எண்ணுவார். தன்னையும் சேர்த்து நாலு. சரி, நட!

ஏழாவது பலகையடியில் உட்கார்ந்து கொண்டுவந்த சாப்பாட்டைச் சாப்பிடும்போது, நாம் ஐந்தைப் பார்க்கவே இல்லையே என்று மகள் வாயைக் கொடுத்துவிட்டாள். மச்சினன் அவள் காலை மிதித்தும் பயனில்லை. ஐந்தை விட்டுவிட்டு எட்டுக்குப் போவதா? வெயில் மண்டையைப் பிளக்க, எல்லோரும் வந்த வழியே திரும்பி நடந்தார்கள். ஐந்தாவது பலகை ஒரு பள்ளத்தின் ஓரத்தில் நின்றது. அது ஒரு குப்பைக்குழி. பழங்காலத்துக் குப்பைக்குழிதான், மறுக்கவில்லை; இருந்தாலும் குப்பைக்குழி. அதற்கு முப்பத்தைந்து நிமிடம். ‘5.10.’

பத்தாவது பலகைக்குப் போகிற படிக்கட்டைப் பழுதுபார்க்க மூடியிருந்தார்கள். சுற்றிக்கொண்டு போனதில் இன்னும் அரை மணி. ‘5.40’ என்று எழுதிய ரைட் டைம், பேனாவைக் கன்னத்தில் தட்டிக்கொண்டு நின்றார். ஆறுக்குக் கிளம்பவேண்டும். இருப்பது இருபது நிமிடம். இதில் வண்டியை நிறுத்த ஐந்து, மணலில் இறங்கி நடக்க நாலு, திரும்பி வர நாலு, காலைக் கழுவித் துடைத்து ஏற நாலு. மிச்சம் மூன்றே நிமிடம். மூன்று நிமிடத்துக்காக மண்ணை வண்டிக்குள் கொண்டுவருவானேன்? சட்டென்று ஒரு நல்ல யோசனை தோன்றவே, நேரத்தை அடித்துவிட்டுப் பக்கத்தில் எழுதினார்: ‘கடல் – வண்டியில் இருந்தபடியே.’

மனைவி அதைப் படித்தார். இரண்டு தடவை படித்தார். பிறகு, வாசல் பக்கம் போய்த் தண்ணீர் குடித்துவிட்டு வருவதாக மகளிடம் சொல்லிவிட்டு நடந்தார். மகள் வாசல் வரை கூடவே போய் வந்தாள். ரைட் டைம் பத்தாவது பலகையை வாசித்துக்கொண்டிருந்ததால் கவனிக்கவில்லை.

பதினொன்றில் தலைகளை எண்ணினார். நாலு. பன்னிரண்டில் எண்ணினார். நாலு. பதிமூன்று பெரிய பலகை. மூன்று மன்னர்கள், இரண்டு படையெடுப்பு, ஒரு நிலநடுக்கம். அத்தனையையும் மூச்சுவிடாமல் வாசித்து முடித்து எண்ணினார். நாலு. அப்போதுதான் நாலாவது தலை பேசியது.

“ரொம்ப நன்றிங்க. கண்ணாடிய ரூம்லயே வெச்சுட்டு வந்துட்டேன். நீங்க வாசிச்சதால எல்லாம் தெரிஞ்சுது” என்றார் அந்த அம்மாள். அவர் மனைவியின் உயரம்தான். உடையும் ஏறக்குறைய அதே நிறம். மூன்று பலகைகளாகக் கூடவே வந்திருக்கிறார். பதினெட்டு வருடம் குடித்தனம் நடத்திய மனிதருக்கு வித்தியாசம் தெரியவில்லை. எப்படித் தெரியும்? தலையை எண்ணுகிறவர் முகத்தைப் பார்ப்பதில்லையே.

“அம்மா எங்கடி?”

மகள் இவ்வளவு நேரமும் அதைச் சொல்லத்தான் காத்திருந்தாள். வாசிக்கும்போது பேசக்கூடாது என்பது விதியல்லவா? “அம்மா பஸ்ல கடலுக்குப் போயிட்டாங்கப்பா. நம்மள அவசரப்படாம பார்த்துட்டு வரச் சொன்னாங்க.”

ரைட் டைமின் முகத்தில் ஈயாடவில்லை. இருந்தாலும் தொழில் புத்தி விடுமா? முதலில் வாயில் வந்தது, எத்தனை மணி பஸ், சரியான நேரத்துக்குக் கிளம்பியதா என்பதுதான். மூணு முப்பத்தஞ்சு, கரெக்டாகக் கிளம்பியது என்றாள் மகள். கணக்குப் போட்டார். நாலரைக்கெல்லாம் போய்ச் சேர்ந்துவிடுவாள். மணி இப்போது நாலு இருபது. போனை எடுத்து, இறங்கியதும் பஸ் நிலையத்திலேயே நில், நாங்கள் வந்த பிறகு கடலுக்குப் போகலாம் என்று சொல்லப் பார்த்தார். மணி அடித்துக்கொண்டே இருந்தது. யாரும் எடுக்கவில்லை. அப்போதுதான் பயம் பிடித்தது அவருக்கு. மனைவி தொலைந்துவிடுவாள் என்ற பயமல்ல அது. தான் இல்லாமலே பார்த்துவிடுவாளே என்ற பயம்.

பதினான்காவது பலகையைப் பார்க்காமலா ஓடினார் என்று கேட்கிறீர்களா? ஓடித்தான் போனார், பதினான்கு வழியாக. கையால் தொட்டுவிட்டு ஓடினார். பிறவிக் குணம்.

காரில் மச்சினனைப் பாடாய்ப் படுத்திவிட்டார். முந்து, திருப்பு, ஹாரன் அடி. “மாமா, இது உங்க டிப்போ பஸ் இல்ல” என்று அவன் ஒரே ஒரு தடவை சொன்னான். கடற்கரை ஊர் வந்தது. சுண்ணாம்பு அடித்த வீடுகள் வந்தன. துணி காய்கிற சந்துகள், வலை உலர்த்திய முற்றங்கள், ஒரு கலங்கரை விளக்கம் எல்லாம் வந்துபோயின. அவர் எதையும் பார்க்கவில்லை. தாளை எங்கே வைத்தார் என்பதே அவருக்குத் தெரியவில்லை. ஐந்தேகாலுக்கு மணலில் இறங்கி, செருப்பைக்கூடக் கழற்றாமல் அலை வரைக்கும் போய்விட்டார்.

மனைவி ஈர மணலில் கால்களை நீட்டி உட்கார்ந்திருந்தார். முட்டி வரை நனைந்திருந்தது. தலைமுடி எந்தப் பக்கம் என்றில்லாமல் பறந்துகொண்டிருந்தது. பக்கத்தில் பலூன் விற்கிறவர் ஒருவர் நின்று, நாளைக்கு மழை வருமா என்று வானத்தைக் காட்டிப் பேசிக்கொண்டிருந்தார். ரைட் டைம் வந்து நின்றதைப் பார்த்ததும் மனைவிக்குக் கோபமெல்லாம் ஒன்றும் இல்லை. சந்தோஷமாகவே சொன்னார்.

“அந்தத் தெருவு திரும்பினதும் திடீர்னு இருந்துதுங்க. அவ்வளவு பெருசு. நான் பயந்துபோய்க் கத்திட்டேன். இந்தப் பலூன்காரர் சிரிச்சாரு. அப்புறம் எனக்கும் சிரிப்பு வந்துடுச்சு.”

இருபத்திரண்டு வருடமாக ஒரு நாள்கூடத் தாமதமாகாத மனிதர், தன் வாழ்க்கையில் முதல்முறையாகத் தாமதமாகிவிட்டது என்று தெரிந்துகொண்டு அங்கே நின்றார். பலூன்காரரைப் பார்த்தார், தான் எந்த முகத்தைப் பார்த்தோம் என்றே அந்த ஆளுக்குத் தெரிந்திருக்காது. பொறாமையாக இருந்தது. அட்டவணைக்காரர்கள் தோல்வியை ஒப்புக்கொள்கிறவர்கள் அல்ல. கொஞ்சம் யோசித்துவிட்டு, தணிந்த குரலில் கேட்டார்:

“நீ வேணா அந்தத் தெருவுக்குப் போய், இன்னொரு தடவை திரும்பி வாயேன். நான் இங்க நிக்கிறேன்.”

மனைவி அவரை அண்ணாந்து பார்த்தார். கேலி இல்லை, கொஞ்சம் பாவமாகத்தான் பார்த்தார்.

“பார்த்தாச்சுங்க” என்றார்.

அன்றைக்கு அவர்கள் அங்கிருந்து கிளம்பும்போது மணி ஏழரை. யாரும் அவரை இருக்கச் சொல்லவில்லை. அவராகத்தான் செருப்பைக் கழற்றி வைத்துவிட்டு, மனைவி பக்கத்தில் உட்கார்ந்துகொண்டார். காலையில் ஐந்துக்கு வேலைக்கும் போய்விட்டார், அதில் ஒன்றும் குறைவில்லை. அதற்குப் பிறகு அட்டவணை போடுவதையே விட்டுவிட்டார் என்று நான் சொன்னால் நீங்கள் நம்புவீர்கள், ஆனால் அது பொய். அடுத்த பயணத்துக்கு இப்போதே ஒரு தாள் தயார்.

நல்லவேளை, நமக்கு இந்த வியாதி இல்லை என்று நீங்கள் சிரித்துக்கொண்டிருப்பது தெரிகிறது. சிரியுங்கள். போனதடவை வீட்டாரைக் கூட்டிக்கொண்டு எங்கேயோ போனீர்களே, எத்தனை மணிக்குப் போய்ச் சேர்ந்தீர்கள் என்று கேட்டால் டாண் என்று சொல்லிவிடுவீர்கள். வண்டியை எங்கே நிறுத்தினீர்கள், கூட்டம் எவ்வளவு, திரும்பி வர எவ்வளவு நேரம் பிடித்தது, எல்லாம் சொல்வீர்கள். அந்த இடத்தைக் கண்டதும் உங்கள் பக்கத்தில் நின்றவரின் முகம் எப்படி இருந்தது?

யோசிக்கிறீர்களே!