சம்பந்தியம்மா, அது ஜூஸ் இல்லை

பெருமதிப்பிற்குரிய சம்பந்தியம்மா அவர்களுக்கு,

மீன்கடைச் சம்பந்தி பணிவுடன் எழுதிக்கொள்வது. இங்கே நானும் என் மனைவியும் சுகமாக இருக்கிறோம். அங்கே தாங்களும், மாப்பிள்ளையும், எங்கள் மகளும், இன்னும் கழுத்து நிற்காத நம் பேத்தியும் எங்களைவிட ஒரு படி கூடுதலாகவே சுகமாக இருக்க வேண்டும் என்பது எங்கள் விருப்பம்.

நிற்க. முதல் வேலையாக ஒரு வேண்டுகோள். போன ஞாயிற்றுக்கிழமை நாங்கள் கொண்டுவந்த பாட்டில் பாதி மீந்து, தங்கள் ஃபிரிட்ஜின் கதவில், தண்ணீர் பாட்டிலுக்குப் பக்கத்தில் இருக்கிறது. அதை இனிமேல் யாருக்கும் ஊற்றிக் கொடுக்க வேண்டாம். தாங்களும் குடிக்க வேண்டாம். பயப்படும்படி ஒன்றுமில்லை. ஆனால் அது ஜூஸ் இல்லை. அது கை கழுவுகிற தண்ணீர். இதை அன்றைக்கே சொல்லாமல் நானும் ஒன்றரை தம்ளர் குடித்துவிட்டு வந்தது ஏன் என்பதை முறையாக முதலிலிருந்து எழுதுகிறேன். போனில் சொல்லியிருக்கலாம்தான். நான் போன் செய்தால் தாங்கள் போனைக் காதிலிருந்து ஒரு முழம் தள்ளிப் பிடித்துக்கொள்வதாக மாப்பிள்ளை ஒருமுறை வாய் தவறிச் சொல்லிவிட்டார். மீன் வாடை போன் வழியாக வராது என்று எனக்குத் தெரியும். இருந்தாலும் தங்கள் மனசு அப்படி நினைக்கும்போது எதற்குச் சங்கடம் என்றுதான் கடிதம்.

எல்லாம் பேத்தி பிறந்து ஆஸ்பத்திரியிலிருந்து தங்கள் வீட்டுக்கு வந்த அன்றைக்கு ஆரம்பித்தது. கடையை மூடிவிட்டு, சோப்பு போட்டு முழங்கை வரைக்கும் இரண்டு தரம் தேய்த்துக் கழுவி, சட்டையை மாற்றிக்கொண்டுதான் வந்தேன். மகள் குழந்தையை என் கையில் கொடுத்தாள். நான் கொஞ்சம் ஆசையாக இரண்டு வார்த்தை பேசினேன். அதற்குள் தாங்கள் சமையலறையிலிருந்து வேகமாக வந்து, முகத்தைச் சுளித்து, "கொடுங்க, நான் வெச்சுக்கறேன்" என்று வாங்கிக்கொண்டு உள்ளே போய்க் கதவைச் சாத்திவிட்டீர்கள். தாங்கள் காரணம் சொல்லவில்லை. சொல்லவும் வேண்டாம். ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்தில் மேற்பார்வையாளராக இருந்தவர், ஒரு போர்வையில் பொட்டு அளவு கறை இருந்தாலும் திருப்பி அனுப்பியவர் என்று மாப்பிள்ளை சொல்லியிருக்கிறார். அப்படிப்பட்டவர் என் கையை எப்படி ஏற்றுக்கொள்வார். இருபது வருஷத்துக்கு மேலாக மீனைச் செதில் சீவி, செவுள் பிடுங்கி, ஐஸில் புதைத்து எடுத்த கை. திரும்பி வருகிற பஸ்ஸில் என் பக்கத்து இருக்கை கடைசி வரைக்கும் காலியாகவே இருந்தது. அதற்கு முன்னாலும் அது காலியாகத்தான் இருந்திருக்கும். அன்றைக்குத்தான் கவனித்தேன்.

வீட்டுக்கு வந்து இவளிடம் சொன்னேன். இவள் என் கையைப் பிடித்து முகர்ந்துவிட்டு, "எனக்கு ஒண்ணும் தெரியலையே" என்றாள். கல்யாணம் ஆன நாளிலிருந்து பழகின மூக்கு, அதை நம்பி என்ன செய்ய. மறுநாளிலிருந்து இவள் செல்போனில் வீடியோ பார்க்க ஆரம்பித்தாள். இயற்கை முறையில் கை சுத்தம் செய்யும் பொருட்களை வீட்டிலேயே செய்வது எப்படி என்று ஒரு பெண்மணி சிரித்துச் சிரித்துச் சொல்லித்தருகிறார். எல்லாவற்றுக்கும் முன்னால், உங்கள் வீட்டில் ஏற்கெனவே இருக்கும் பொருட்களே போதும் என்கிறார். எங்கள் வீட்டில் அதில் உப்பு ஒன்றுதான் இருந்தது. மீதியெல்லாம் கடையில் வாங்கினோம்.

முதலில் எலுமிச்சம்பழமும் உப்பும். இரண்டையும் கலந்து கையில் வைத்துப் பரபரவென்று தேய்க்க வேண்டும். அந்தப் பெண்மணி மீன் வெட்டுகிறவர் இல்லை என்பது தேய்த்ததும் எனக்குத் தெரிந்துவிட்டது. என் விரலில் முள் கீறியது, துடுப்பு குத்தியது, கத்தி பட்டது என்று எப்போதும் ஏழெட்டு இடத்திலாவது காயம் இருக்கும். நான் மெதுவாகத்தான் முனகினேன். கீழ்வீட்டுக்காரர் மாடிப்படி ஏறி வந்து, யாருக்கு என்ன ஆச்சு என்று கேட்டார். அப்புறம் காப்பித்தூள். வடிகட்டின சக்கையை எண்ணெயில் குழைத்துத் தேய்க்கச் சொன்னார்கள், தேய்ச்சேன். எரியலை. வாடையும் பாதி போச்சு. ஆனா நகக்கண் எல்லாம் கறுப்பா அடைச்சுகிட்டு, ஏதோ மண்ணைத் தோண்டிட்டு வந்தவன் மாதிரி ஆயிட்டேன். எண்ணெய்ப் பிசுக்கு வேற போகலை. மறுநாள் கடையில நம்ம வாடிக்கையாளர் பல் டாக்டர் வந்து வழக்கம்போல ஒவ்வொரு மீனா கண்ணை அமுக்கிப் பார்த்து ஒண்ணைக் காட்டினார். எடுத்தேன். அது கையிலேருந்து வழுக்கி நேரா அவர் தோளில் மாட்டியிருந்த திறந்த பைக்குள்ளே விழுந்துடுச்சு. அவர் பையைக் குனிஞ்சு பார்த்துட்டு, "இது இல்லைங்க, அதுக்குப் பக்கத்துல இருந்தது" அப்படீன்னார்.

அதோட விட்டிருக்கலாம். பேத்தி முகம் விடலை. ஒரு நிமிஷம்தான் கையில இருந்தா. அந்த ஒரு நிமிஷத்துல கண்ணைத் திறந்து என்னையே பார்த்தா, வாயைக்கூடக் குவிச்சா. வீட்டுல இவ அதுக்கப்புறம் வீடியோ பார்க்கறதை நிறுத்திட்டு சொந்தமா யோசிக்க ஆரம்பிச்சா. ஆரஞ்சுத் தோலை நல்லாக் கழுவி, ஒரு கண்ணாடி ஜாடியில போட்டு, முழுக வினிகர் ஊத்தி, அடுப்படி அலமாரியில வெச்சு மூடிட்டா. ரெண்டு வாரம் அதைத் திறக்கக் கூடாதுன்னா. ஆரஞ்சுப் பழம் தினமும் நாங்கதான் தின்னு தீர்த்தோம், எனக்கு அது பிடிக்காது. தோல் ஊறி வினிகர் மஞ்சளா மாறினதும் வடிகட்டி எடுத்தா. இன்னொரு பக்கம் வாசனை போடாத வெள்ளை சோப்பைத் துருவி, வெந்நீர்ல கரைச்சு, கத்தாழைச் சோறு போட்டு அடிச்சு வெச்சிருந்தா. ரெண்டையும் ஒண்ணா ஊத்தினா. ஊத்தின உடனே பால் திரிஞ்ச மாதிரி திரிஞ்சு, மேலே எண்ணெய் எண்ணெயா மிதக்குது, கீழே தண்ணி தனியா நிக்குது. இவ அந்தப் பாத்திரத்தையே பார்த்துகிட்டு நின்னா. நான் ஆறுதலா ஏதோ சொல்லப் போனேன். "நீங்க கொஞ்சம் பேசாம இருங்க"ன்னா. மறுபடி ரெண்டு வாரம், மறுபடி ஆரஞ்சு. இந்தத் தடவை கலக்கலை. முதல்ல சோப்புத் தண்ணியில கழுவணும், அப்புறம் ஆரஞ்சு வினிகர்ல தண்ணி கலந்து அலசணும், தனித்தனியா. அவ்வளவுதான் சூட்சுமம்.

சம்பந்தியம்மா, வாடை போயிடுச்சு. சும்மா சொல்லலை. எங்க படிக்கட்டுல ரெண்டு பூனை உண்டு. நான் சாயங்காலம் வர்ற நேரத்துக்கு வந்து உட்கார்ந்திருக்கும், கையை நக்காம மேலே விடாது. அன்னிக்குக் கடையிலேயே கழுவிட்டு வந்தேன். ரெண்டும் தலையைத் தூக்கி ஒரு தடவை பார்த்துட்டு மறுபடி படுத்துகிச்சு. நான் யாரோ எவரோங்கற மாதிரி. நியாயமா சந்தோஷப்படணும், ஆனா மாடி ஏறும்போது கொஞ்சம் வருத்தமாத்தான் இருந்தது.

வியாபாரம் படுத்தது தனிக்கதை. கை மணக்குதேன்னு பெருமையில காலையிலேயும் அதுலேயே கழுவிட்டுக் கடையைத் திறந்தேன். மீன் வாங்க வந்தவங்க எல்லாம் மூக்கை உறிஞ்சிப் பார்த்தாங்க. ஒரு அம்மா கேட்டாங்க, "என்னங்க, மீன்கடையில ஆரஞ்சு வாசனை வருது? எதை மறைக்கிறீங்க?" கையைத்தாங்க கழுவினேன்னு சொன்னேன். "பழைய மீனுக்குத்தான் இந்த வேலையெல்லாம் செய்வாங்க"ன்னு பக்கத்துல நண்டுக்காரர்கிட்ட போயிட்டாங்க. நண்டுக்காரர் நல்ல மனுஷர்தான், இருந்தாலும் நாள் முழுக்க என்னைப் பழக்கடைக்காரரேன்னு கூப்பிட்டார். அதுலேருந்து காலையில சாதாரண சோப்பு, சாயங்காலம் மட்டும்தான் ஆரஞ்சுன்னு ஒரு ஒழுங்குக்கு வந்தோம்.

இப்போ போன ஞாயிற்றுக்கிழமைக்கு வர்றேன். கை சுத்தம்ங்கறதை நீங்க உங்க வீட்டுலேயே சோதிச்சுப் பார்க்கட்டும், பேத்தியைத் தூக்கறவங்க எல்லாரும் அந்த ஆரஞ்சுத் தண்ணியிலேயே கையை அலசட்டும்னு இவதான் ஒரு பாட்டில் கொண்டுபோகலாம்னா. வீட்டுல சுத்தமா இருந்த பாட்டில் அது ஒண்ணுதான், ஜூஸ் வந்த பாட்டில், ஆரஞ்சுப் படம் போட்ட லேபிளை ஊற வெச்சு உரிச்சும் வரலை. அதை உங்க கையில கொடுத்து நான் சொன்னது எனக்கு வார்த்தை வார்த்தையா நினைவிருக்கு. "வீட்டுலேயே செஞ்சதுங்க. முழுக்க இயற்கை. ஒரு கலப்படமும் கிடையாது." கைக்குன்னு ஒரு வார்த்தை சேர்த்திருந்தா இந்தக் கடிதத்துக்கே அவசியமில்லை. நீங்க "இவ்வளவு தூரம் தூக்கிட்டு வந்திருக்கீங்களே"ன்னு சொல்லி உள்ளே போனீங்க. மகள் குழந்தையோட தூங்கிட்டிருந்தா, மாப்பிள்ளை வெளியே போயிருந்தார், இது என்னன்னு கேட்க வேற ஆளில்லை. நீங்க திரும்பி வந்தப்போ, என் கையைப் பாருங்கன்னு சொல்றதுக்காக நான் ரெண்டு கையையும் விரிச்சு உங்க முன்னால நீட்டினேன். நீங்க அதுல ஒரு தம்ளரை வெச்சீங்க. ஐஸ்கூடப் போட்டிருந்தீங்க.

நான் இவளைப் பார்த்தேன், இவ என்னைப் பார்த்தா. அதுக்குள்ளே நீங்க ஒரு மடக்கு குடிச்சுட்டு, "புளிப்பு கொஞ்சம் தூக்கல். உடம்புக்கு நல்லதுதான்"னு சொல்லிட்டீங்க. ஒருத்தர் குடிக்கறதுக்கு முன்னாலன்னா தடுக்கலாம். குடிச்சு, உடம்புக்கு நல்லதுன்னும் சொன்னதுக்கப்புறம் அது கை கழுவற தண்ணின்னு எந்த வாயால சொல்றது? மகளைக் கொடுத்த இடம். அதனால நான் மடமடன்னு குடிச்சேன். இவளும் குடிச்சா. சீக்கிரம் குடிச்சதைப் பார்த்துட்டு, பிடிச்சிருக்கு போலன்னு நீங்க இன்னும் அரை தம்ளர் ஊத்தினீங்க. அதையும் குடிச்சோம். அதுல இருக்கறது ஆரஞ்சுத் தோலும் வினிகரும் தண்ணியும்தான், எங்களுக்கு நெஞ்சு கொஞ்சம் கரிச்சதோட சரி. குழந்தையைப் பார்க்கலாமான்னு கேட்டேன். "இப்பத்தான் தூங்கறா, அப்புறம் பார்க்கலாம்"னு மறுபடியும் கதவைச் சாத்தினீங்க. வாடை போன கையோட, வினிகர் நிரம்பின வயித்தோட பஸ் ஏறினோம்.

ஆகவே தாங்கள் பாட்டிலைக் கழுவுமிடத்தில் வைத்து, ஒருமுறை என் கையை நேரில் முகர்ந்து பார்த்து, திருப்தியானால் மட்டும் பேத்தியை ஐந்து நிமிடம் என்னிடம் கொடுக்குமாறு தாழ்மையுடன் கேட்டுக்கொள்கிறேன். மாப்பிள்ளைக்கும் மகளுக்கும் எங்கள் ஆசிகள். பேத்தி நோய்நொடி இல்லாமல், பசித்தால் அழுது, பால் குடித்துச் சிரித்து, நூறு வருஷம் இருக்கட்டும்.

தங்கள் அன்புள்ள,
மீன்கடைச் சம்பந்தி

பின்குறிப்பு: இந்தக் கடிதம் தபாலில் போடாமல் என் சட்டைப்பையிலேயே கிடந்தது. அதற்குள் மாப்பிள்ளை போன் செய்தார். கை விஷயத்தை அவரிடம் மெல்லக் கேட்டேன். அவர் சொன்னார்: "மாமா, அம்மாவுக்கு வாசனையே தெரியாது. சலவைக்கூடத்து நெடியில மூக்கு போய் வருஷக்கணக்காச்சு. கேஸ் கசிஞ்சாக்கூட நாங்கதான் அவங்களுக்குச் சொல்லணும்." அப்போ குழந்தையை ஏன் வாங்கினாங்கன்னு கேட்டேன். அதற்கு அவர், "மாமா, தப்பா நினைச்சுக்காதீங்க. நீங்க இப்போ பேசறது எனக்கு மட்டும் கேக்கலை. என் ஆபீஸ்ல எல்லாருக்கும் கேக்குது" என்றார். இதை இவளிடம் சொன்னேன். இவள் அதற்கு ஆச்சரியப்படவே இல்லை.

ஆகையால் மேலே எழுதியதை எல்லாம் எழுதாததாகவே வைத்துக்கொள்ளவும், பாட்டில் விஷயம் மட்டும் நிற்கட்டும். நேற்றிலிருந்து கடையில் குரலை இறக்கிப் பேசிப் பழகிவருகிறேன். பல் டாக்டர் வந்து, விலையை நான் சொன்னதும், அக்கம்பக்கம் பார்த்துவிட்டு என் காதருகே குனிந்து, "மீன் சரியில்லையா?" என்று அவரும் கிசுகிசுத்தார். பரவாயில்லை, பழகிவிடும். வரும் ஞாயிறு வருகிறோம். காலிங் பெல்லை அடிக்க மாட்டேன், கதவைத் தட்ட மாட்டேன், கூப்பிடவும் மாட்டேன். வாசலில் நிற்பேன். தாங்களாக எப்போது கதவைத் திறக்கிறீர்களோ அப்போது போதும்.