மாறும் முகவரியை வென்ற வரைபட வீரர்

வாழ்க வரைபடக்காரர்! மடிப்புக் கலையாச் சட்டையும் மனங்கலங்கா நெஞ்சும் படைத்தவர், படிக்கட்டின் ஒவ்வொரு படியையும் மயிரிழை பிசகாமல் வரையும் விரல்வல்லார், மூன்றாம் மாடி வலப்பக்க வீட்டின் தனிப்பெருந்தலைவர், ஆளில்லா அறையில் விளக்கெரியக் கண்டால் அனல் கக்கும் மின்சிக்கனச் செம்மல்! அன்னாரின் புகழ்பாடப் புகுந்தேன். கேட்போர் கொட்டாவியை அடக்கிக்கொள்க.

அப்பெருமகனார் பன்னிரண்டு நாள் முதுகொடிய வீட்டுக் கணினியில் வரைந்து முடித்த பள்ளிக்கூடக் கட்டட வரைபடம், வெள்ளிக்கிழமை பகல் பன்னிரண்டு மணிக்கு அலுவலகத்தில் வாடிக்கையாளர் முன் விரிந்தாக வேண்டும். விரியாவிட்டால் அந்த வேலை எதிர்த்தெரு நிறுவனத்துக்குப் போய்விடும் என்று முதலாளி எச்சரித்திருந்தார்.

"பென் டிரைவ்ல போட்டு எடுத்துட்டுப் போங்களேன், அஞ்சு நிமிஷ வேலை" என்றார் மருந்துக்கடையில் பணிபுரியும் மனைவி. காது கொடுத்தாரா நம் வீரர்? கொடுத்திருந்தால் நமக்கேது காவியம்?

"பென் டிரைவா! வீட்டை நான் தூக்கிட்டு அலையமாட்டேன். வீடு என்னைத் தேடி ஆபீசுக்கு வரும்!" என்று சோபா அதிர முழங்கினார்.

அலுவலகத்தில் அமர்ந்தபடியே இணையம் வழியாக வீட்டுக் கணினியைத் திறப்பது அன்னாரின் திட்டம். ஆனால் பகையோ கொடிது. வீட்டு இணையப்பெட்டிக்கு இணைய நிறுவனம் தந்த முகவரி எண், இன்று இருந்து நாளை சொல்லாமல் கொள்ளாமல் கம்பி நீட்டிவிடும் மாயத்தன்மையது. அதை அடக்கவல்ல அஸ்திரம் ஒன்றே: எண் எத்தனை முறை மாறினாலும், ஒரே பெயரைச் சொல்லி அழைத்தால் வீட்டு வாசலில் கொண்டுபோய் நிறுத்தும் டைனமிக் டிஎன்எஸ். மூன்று மாலைகள், ஆறிய தேநீரே துணையாக, இணையப்பெட்டியின் மூடிய வாசல்களில் ஒன்றைத் திறந்து, அதற்குக் கடவுச்சொல்லாகிய பூட்டிட்டு, பெயரும் சூட்டினார். பின்பு தெருமுனைக்குப் படையெடுத்துச் சென்று, கைபேசியின் சொந்த இணைப்பில் அப்பெயரை அழைத்தார். திறந்தது வரைபடம்! அவர் எழுப்பிய வெற்றி முழக்கத்தில் அங்கே படுத்திருந்த நாய் எழுந்து, இடம் மாறிப் படுத்தது.

வெள்ளி புலர்ந்தது. மனைவி முதலில் கிளம்பினார். வீரர் பூட்டை மும்முறை இழுத்துப் பார்த்துவிட்டு, வெறுங்கையை வீசிக்கொண்டு அலுவலகம் புகுந்தார். பதினொன்றே கால். முதலாளி பின்னால் நிற்க, பெயரைத் தட்டினார். வட்டம் சுழன்றது. மறுபடி தட்டினார். மறுபடி சுழன்றது. வில்லொடிந்த வேந்தர்போல் வீற்றிருந்து, அலுவலக இணைப்பைச் சபித்தார், இணைய நிறுவனத்தை வசைபாடினார், வானத்துச் செயற்கைக்கோள்களையும் விட்டுவைக்கவில்லை. உண்மையாகவே பயந்துபோனார். கடைசியில் மனைவியை அழைத்தார்.

"நேத்து வரைக்கும் வேலை செஞ்சுது! எல்லாம் அந்த நிறுவனத்துக்காரன் சதி!"

"இன்னிக்குக் கடைசியா வீட்டை விட்டுக் கிளம்பினது யாரு?"

"நான்தான்."

"கிளம்பறப்போ எல்லா சுவிட்சையும் அணைச்சீங்களா?"

"பின்னே? அணைக்காம வருவேனா..." என்று தொடங்கியவர் முகத்தில் ஈயாடவில்லை. பெட்டியும் கணினியும் இருட்டில் உறங்க, பெயர் மட்டும் எந்த வீட்டைத் தேடிப் போகும்?

அடுத்து நிகழ்ந்ததே பெரும்போர். ஸ்கூட்டராகிய புரவியேறி, சிவப்பு விளக்குகளின் முன் பல்லைக் கடித்து, மூன்று மாடிகளை மூச்சிரைக்கத் தாவி, மேசை இழுப்பறையில் ஒளிந்திருந்த அந்த இழிவுக்குரிய பென் டிரைவைக் கண்டெடுத்து, வரைபடத்தை அதிலேற்றி, பன்னிரண்டடித்து நான்கு நிமிடத்தில், சட்டை மடிப்பெல்லாம் கலைய, அவைக்கு மீண்டார். வாடிக்கையாளர் அப்போதுதான் நாற்காலியை இழுத்துக்கொண்டிருந்தார். வரைபடத்திலிருந்த படிக்கட்டு அவருக்குப் பிடித்துவிட்டது, வேலையும் நிலைத்தது.

அன்று மாலையே இணையப்பெட்டியின் சுவிட்சின் மேல், அளவுகோல் வைத்துத் தீட்டிய அழகிய எழுத்தில், "எக்காலத்தும் எவரும் இதை அணைக்கலாகாது" என்னும் ஆணையை ஒட்டினார் நம் வீரர். நான்கு ஓரமும் சமமாக இருக்கின்றனவா என்று எட்ட நின்று சரிபார்த்தார். மனைவியையும் அழைத்து உரக்கப் படிக்கச் சொன்னார்.

திங்கட்கிழமை காலை, எல்லா சுவிட்சையும் அணைத்துவிட்டு ஆபீசுக்குக் கிளம்பினார்.